பிப்ரவரி ஆட்டத்தில் பதினெட்டு வயதுப் பையனை எப்படிப் பார்ப்பது?

பிப்ரவரி பாதியைத் தாண்டிவிட்டால் மெல்பர்ன் வாட்ஸ்அப் குழுக்களில் கிரிக்கெட் பேச்சு குறைந்து ஃபுட்டி, அதாவது ஆஸ்திரேலிய விதிக் கால்பந்துப் பேச்சு ஏறிவிடும். அதன் தலைமை லீக்கான ஏஎஃப்எல்லின் அணிகள் பருவம் தொடங்குவதற்கு முன் பயிற்சி ஆட்டங்கள் ஆடும் நேரம் அது. கிளப்புகள் முறைவைத்து இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் நவம்பர் டிராஃப்டில் எடுக்கப்பட்ட பையன்கள் அணியின் சட்டையோடு முதல்முறையாக வெளி ஆட்களுக்கு எதிராகக் களமிறங்குவார்கள். முதல் குவார்ட்டர் முடிவதற்குள் தீர்ப்பும் வந்துவிடும். "இவன் தேறுவான்." "இவனையா முதல் சுற்றில் போய் எடுத்தார்கள்?" "போன வருஷம் பார்த்த அதே பையன்தான், ஒரு முன்னேற்றமும் இல்லை."

நான் விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் பிசியோ. வார நாட்களில் கிளினிக், சனிக்கிழமைகளில் உள்ளூர் கிளப் ஒன்றின் மைதான ஓரம். ரசிகர்கள் ஆட்டக்காரர்களை எடைபோடுவதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நானும் வாய் வலிக்கப் பேசுகிறவன்தான். ஆனால் அந்தப் பேச்சு ஏஎஃப்எல்லோடு நிற்பதில்லை. அதே தராசைக் கொண்டுவந்து வீட்டுப் பையன் முன்னால் வைக்கிறோம். அதன் விளைவு என் கிளினிக்குக்குத்தான் வந்து சேர்கிறது.

இந்த ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு வரி. பக்கத்துக்கு 18 பேர். நீள்வட்ட மைதானம், எம்சிஜி என்கிற மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் அதன் நீளம் ஏறக்குறைய 160 மீட்டர். நான்கு குவார்ட்டர், ஒவ்வொன்றும் 20 நிமிடம், நின்ற நேரத்தையும் சேர்த்தால் அரைமணியை நெருங்கும். நடுக்களத்தில் ஆடுகிறவர் ஒரு ஆட்டத்தில் 12, 13 கிலோமீட்டர் ஓடுவது சாதாரணம். அந்த ஓட்டத்துக்கு நடுவே எந்தத் திசையிலிருந்தும் ஆள் வந்து மோதலாம்.

முன்பெல்லாம் பருவத்துக்கு முந்தைய ஆட்டங்களுக்கு நிஜமான கோப்பையே இருந்தது. 1988 முதல் 2013 வரை அந்தப் போட்டி நடந்தது. 2003 முதல் தூரத்திலிருந்து அடித்தால் 9 புள்ளி என்று ஒரு விதிகூட வைத்துப் பார்த்தார்கள். பழைய ரசிகர்களுக்கு அந்த நினைப்பு இன்னும் போகவில்லை என்று நினைக்கிறேன். இப்போது கோப்பையும் இல்லை, புள்ளிப் பட்டியலும் இல்லை. பயிற்சியாளருக்கு அது திட்டங்களைச் சோதிக்கும் நாள். எங்களைப் போன்றவர்களுக்கு, உடம்புகள் ஆட்ட வேகத்தைத் தாங்குகின்றனவா என்று பார்க்கும் நாள். பயிற்சியில் எவ்வளவு ஓடவைத்தாலும், மோதி விழுந்து எழுந்து உடனே மறுபடி ஓடுவதை முழுசாகப் பழக்க முடியாது. அதற்கு ஆட்டம்தான் வேண்டும்.

அதனால் எந்தப் பையனைப் பற்றியும் பேசுவதற்கு முன் நான் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை நிமிடம் ஆடினான்? சட்டையில் தோள்பட்டைகளுக்கு நடுவே சின்னதாக ஒரு புடைப்பு தெரியும், கவனித்திருப்பீர்கள். ஜிபிஎஸ் கருவி அது. எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம், முழுவேக ஓட்டம் எத்தனை தடவை என்று எல்லாம் பெஞ்சிலிருக்கும் கணினிக்குப் போய்க்கொண்டே இருக்கும். இன்னாருக்கு இவ்வளவுதான் என்று ஆட்டத்துக்கு முன்பே எல்லை போட்டு வைத்திருப்பார்கள். அது தாண்டியதும் ஆளை வெளியே எடுத்துவிடுவார்கள். வேலிக்கு வெளியே நிற்பவர், "இரண்டாம் பாதியில் ஆளையே காணோம்" என்பார். பையன் பெஞ்சில் ஐஸ் துண்டோடு உட்கார்ந்திருப்பான்.

முதல் வருடப் பையனின் காலண்டரைக் கொஞ்சம் பாருங்கள். போன குளிர்காலம் முழுக்க ஒரே ஆள் பள்ளி அணி, பதினெட்டு வயதுக்குட்பட்டோர் லீக், மாநில அணி என்று மூன்று பக்கமும் ஆடியிருப்பான். விக்டோரியாப் பையன் என்றால் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதிய கையோடு டிராஃப்ட். நவம்பர் கடைசியில் கிளப்பில் சேர்கிறான். கிறிஸ்துமஸ் விடுமுறையைக் கழித்தால், பிப்ரவரி ஆட்டத்துக்குள் ஏறக்குறைய பத்து வாரப் பயிற்சிதான். சிலர் வரும்போதே இடுப்பு மடிப்பில் வலியோடும் முதுகெலும்பில் பழைய விரிசலோடும் வருவார்கள். எதிரே நிற்பவன் இருபத்தெட்டு வயது ஆள். பத்து கிலோ கூடுதல் எடை, பத்து வருடம் ஜிம்மில் கட்டிய உடம்பு. டேக்கிளில், அதாவது எதிராளி பிடித்து மடக்கும்போது, பையன் பொம்மை மாதிரி சாய்ந்தால் அவனுக்குத் திறமை இல்லை என்று அர்த்தம் இல்லை.

இரண்டாவது கேள்வி, எந்த வேலை கொடுத்தார்கள்? ஜூனியர் ஆட்டத்தில் நடுக்களத்தில் பந்தை அள்ளிக்கொண்டிருந்தவனை ஏஎஃப்எல் வந்ததும் பின்வரிசையில் நிறுத்துவது வழக்கம். ஆட்டம் எதிரே விரிந்து தெரியும், யோசிக்க அரை வினாடி கூடக் கிடைக்கும், பந்தும் நிறைய வரும். நிக் டெய்கோஸ் 2022இல் சிறந்த இளம் ஆட்டக்காரருக்கான ரைசிங் ஸ்டார் விருது வாங்கிய முதல் வருடத்தில் பெரும்பாலும் ஆடியது பின்வரிசையிலிருந்துதான். அதே திறமையுள்ள இன்னொருவனை கோல் அருகே சின்ன ஃபார்வர்டாக நிறுத்தினால் ஆட்டம் முழுக்க ஏழு தடவை பந்து கிடைத்தாலே அதிகம். அதோடு எதிரணிப் பின்வரிசையை விரட்டி நாலு டேக்கிள் போட்டிருந்தால் பயிற்சியாளருக்குப் பரம சந்தோஷம். ரசிகர் கையிலுள்ள செயலியில் மட்டும் "7" என்று சிவப்பாகத் தெரியும்.

செயலி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பிப்ரவரியில் இளம் ஆட்டக்காரர்களை இவ்வளவு கூர்ந்து பார்ப்பவர்களில் பாதிப் பேர் சூப்பர்கோச், ஏஎஃப்எல் ஃபேன்டசி மாதிரி நிஜ ஆட்டக்காரர்களை வைத்துக் கற்பனை அணி போடும் விளையாட்டுகளுக்காகப் பார்க்கிறார்கள். விலை குறைந்த புதுப் பையனைப் பிடித்துப் போட்டால் நாலைந்து வாரத்தில் விலை ஏறும், விற்றுவிடலாம். விளையாட்டாகச் செய்கிற வரை தப்பில்லை, நானும் அணி போடுகிறேன். ஆனால் அந்தக் கணக்கில் தோற்றவர்களில் சிலர், காசு கட்டித் தோற்றவர்களும் சேர்ந்து, நேராக அந்தப் பையனின் இன்ஸ்டாகிராமுக்கே போய்த் திட்டுகிறார்கள். பதினெட்டு வயது. பெர்த்திலிருந்தோ அடிலெய்டிலிருந்தோ அப்போதுதான் வீட்டை விட்டு வந்து, யாரோ ஒருவர் குடும்பத்தில் தங்கியிருக்கிற பிள்ளை.

மூன்றாவது, எதிரே யார் இருந்தார்கள், காற்று எந்தப் பக்கம் அடித்தது? இந்த ஆட்டங்கள் பல பெரிய அரங்கங்களில் நடப்பதில்லை. கேசி ஃபீல்ட்ஸ் மாதிரித் திறந்த வெளியில் நடக்கும். அங்கே காற்று கிளம்பினால் நாற்பது மீட்டர் உதை இருபத்தைந்தில் விழும். நான்காவது குவார்ட்டரில் எதிரணியின் மூத்தவர்கள் எல்லாரும் வெளியே போய், பையன்களுக்கு எதிரே பையன்கள் ஆடும்போது ஒருவன் மூன்று கோல் அடிப்பான். அன்றைக்கு அவன்தான் நாயகன். நிச்சயதார்த்தக் காபியைக் குடித்துவிட்டுக் கல்யாணச் சாப்பாட்டுக்கு மார்க் போடுகிற வேலை இது.

டிராஃப்ட் எண்ணை வைத்து அளப்பதும் அப்படித்தான். டேன் ஸ்வான் 2001இல் 58ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். 2011இல் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கம் வாங்கினார். லாக்கி நீல் 2011இல் அதே 58ஆவது இடம். 2020இலும் 2023இலும் பிரவுன்லோ. மேக்ஸ் கான் 2009இல் 34ஆவதாக வந்தவர். முழங்கால் அறுவைச் சிகிச்சைகளோடு ஆரம்ப வருடங்கள் கழிந்தன. 2021இல் அவர் தலைமையில்தான் மெல்பர்ன் அணி 57 வருடங்களுக்குப் பிறகு கோப்பையைத் தூக்கியது. அவர் மாதிரி உயரமான ரக் ஆட்டக்காரர்கள் (நடுவர் பந்தைப் போடும்போது எம்பித் தட்டுகிறவர்கள்) உடம்பு முதிர்ந்து நிலைக்க இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். பத்தொன்பது வயது ரக் பையன் பிப்ரவரியில் தடுமாறினான் என்றால் அது செய்தியே இல்லை.

சரி, வீட்டுக்கு வருவோம். கொஞ்ச நாள் முன்னால் பதினேழு வயதுப் பையன் ஒருவன் அப்பாவோடு வந்தான். உள்ளூர் கிளப்பில் ஆடுகிறவன். பாதத்தின் மேல்பக்கம், நடுவில், லேசான வலி. வீக்கமே இல்லை. அப்பா யாழ்ப்பாணத்துக்காரர். நான் கேட்கும் முன்பே சொன்னார்: "பெருசா நோ ஒண்டும் இல்லை. பூட்ஸ் புதுசு, அதுதான். வாற கிழமை பிரக்டிஸ் மேட்ச் இருக்கு. அதை விட்டா டீமில எடுக்க மாட்டினம்."

கணுக்காலுக்கு முன்னே, பாத வளைவின் உச்சியில் படகு வடிவில் ஒரு சின்ன எலும்பு உண்டு. அதன் மேல் கட்டை விரலை வைத்து அழுத்தினேன். பையனின் கால் விரல்கள் அத்தனையும் சுருண்டன. அந்த ஒற்றைக் காலில் நொண்டி அடிக்கச் சொன்னேன். ஒரு தடவை குதித்தான், இரண்டாவது தடவை மேசையைப் பிடித்துக்கொண்டான். "எப்போதிலிருந்து தம்பி?" என்றேன். அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஜனவரி" என்றான்.

எம்ஆர்ஐயில் விரிசல் தெரிந்தது. இந்த எலும்பின் நடுப்பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைவு. அதனால் தானாக ஆறும் என்று விட முடியாது. ஆரம்பத்தில் பிடித்தால் ஆறு வாரம் அந்தக் காலைத் தரையில் ஊன்றவே விடாமல், அசையவிடாத பூட்ஸ் போட்டு வைப்போம். பிறகு மெல்ல மெல்ல நடை, ஓட்டம். தாமதித்தால் திருகாணி வைத்து அறுவைச் சிகிச்சை வரை போகும், சிலருக்கு அத்தோடு ஆட்டமே முடிந்துபோகும். பையனுக்கு ஊன்றுகோல் கொடுத்து அனுப்பினோம். அந்தப் பயிற்சி ஆட்டம் மட்டுமல்ல, பருவத்தின் முதல் பாதியே போயிற்று. ஜனவரியில் வாயைத் திறந்திருந்தால் இவ்வளவு இழந்திருக்க மாட்டான். ஏன் சொல்லவில்லை என்று அவனிடம் கேட்கத் தேவையே இருக்கவில்லை. காரில் வரும்போதும் சாப்பாட்டு மேசையிலும், ஏஎஃப்எல் பையன்களைப் பற்றி "ஒரு சான்ஸ்தான் கிடைக்கும், அதில காட்டோணும்" என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவன்.

பிள்ளை சொல்லாத வலியைப் பிடிக்கச் சில வழிகள் உண்டு. ஆடி முடித்த மறுநாள் காலை படுக்கையிலிருந்து எழுந்து நடக்கும் முதல் பத்து அடியைப் பாருங்கள். பயிற்சிக்குப் போகும் முன்பே மாத்திரை டப்பாவைத் தேடுகிறானா என்று பாருங்கள். ஒரே விரலால் தொட்டுக் காட்டக்கூடிய எலும்பு வலி, ஓடும்போது கூடி ஓய்வில் குறைந்து மறுபடி வருகிற வலி, இரவில் வரும் வலி, இவை மூன்றும் தசைப்பிடிப்பு இல்லை. அதற்கு "போய் ஆடிப் பார்" என்ற வைத்தியம் ஆகாது.

மைதானத்தில் என் கண் பந்தின் பின்னால் போவது குறைவு. பந்தை உதைத்த பையன் அடுத்து என்ன செய்கிறான்? நின்று ரசிக்கிறானா, அடுத்த இடத்துக்கு ஓடுகிறானா? பந்து தரையில் வரும்போது ஒரே பிடியில் எடுக்கிறானா? எம்பி உயரத்தில் பந்தைப் பிடித்து (மார்க்) இறங்கும்போது முழங்கால் உள்ளே மடங்குகிறதா? முழு வேகத்தில் ஓடிய பிறகு கை தொடையின் பின்பக்கம் போகிறதா? ஏஎஃப்எல்லின் காயப் பதிவுகளில் ஹாம்ஸ்ட்ரிங், அதாவது தொடையின் பின் தசைதான் வருடா வருடம் முன்னால் நிற்கிறது. ஒருமுறை கிழிந்தவனுக்கு மறுபடி கிழிய வாய்ப்பு அதிகம். மூன்றாவது குவார்ட்டரில் களைத்த பிறகும் சரியான ஆளுக்கு ஹேண்ட்பால் (கையால் குத்திப் பந்தைத் தருவது) கொடுக்கிறான் என்றால், அந்தப் பையனைப் பற்றி நம்பி இரண்டு வார்த்தை பேசலாம். இதெல்லாம் எந்தச் செயலியிலும் வராது.

தலை அடியைப் பற்றி மட்டும் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஆட்டத்துக்குப் புள்ளி இல்லை என்பதால் மோதல் பொய் ஆகிவிடாது. 2024 மார்ச்சில் ஒரு பயிற்சி ஆட்டத்தில் செயின்ட் கில்டாவின் ஜிம்மி வெப்ஸ்டர் வடக்கு மெல்பர்னின் ஜை சிம்ப்கினை மோதியதற்கு ஏழு ஆட்டத் தடை விதித்தார்கள். 2014 டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட பேடி மெக்கார்ட்டினின் ஆட்ட வாழ்க்கை திரும்பத் திரும்பத் தலையில் பட்ட அடிகளால் 2023இல் முடிந்தது.

உள்ளூர் ஆட்டத்தில் மூளை அதிர்வு என்று சந்தேகம் வந்தாலே அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. மறுபடி இறக்கக் கூடாது. மயங்கி விழுந்தால்தான் அதிர்வு என்பதும் கிடையாது. கண் மங்கல், தலைவலி, கேட்ட கேள்வியையே மறுபடி கேட்பது, அன்றிரவு காரணமில்லாத எரிச்சல், எதுவும் போதும். அறிகுறி எல்லாம் போய் 14 நாள் ஆன பிறகே மோதல் உள்ள பயிற்சி. அடிபட்டு குறைந்தது 21 நாள் ஆகாமல் போட்டி கிடையாது, அதுவும் டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு. பயிற்சி ஆட்டத்தில் அடிபட்டால் பருவத்தின் முதல் ஆட்டம் கைவிட்டுப் போகலாம். போகட்டும். மெத்தென்ற ஹெல்மெட் வாங்கிப் போட்டால் இந்த 21 நாள் குறையுமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். குறையாது. அந்த ஹெல்மெட் காது கிழிவதையும் நெற்றி வெட்டுப்படுவதையும் தடுக்கும். உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை.