விசா இல்லாமல் போகலாம், ஆனால் அடிக்கடி போனால்? லண்டனில் துணை இருக்கும் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு

கிள்ளானில் வேலை பார்க்கும் என் தோழி ஒருத்தி, இரண்டு வருடத்தில் ஐந்தாவது தடவையாக லண்டனுக்குப் போனாள். அங்கே இருப்பவர் அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவர். முதல் நான்கு தடவையும் இரண்டு கேள்வி, ஒரு முத்திரை, முடிந்தது. ஐந்தாம் தடவை ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள். பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே ஒரு கூறைப்புடவை, அசல் பட்டச் சான்றிதழ், இரண்டு கிலோ மிளகாய்த்தூள். கைப்பேசியையும் வாங்கிப் பார்த்தார்கள். அக்காவுக்கு அனுப்பிய செய்தி ஒன்று: "இனிமே அங்கதான்." மறுநாள் கோலாலம்பூர் விமானத்தில் திருப்பி ஏற்றிவிட்டார்கள். வெளியே பூங்கொத்தோடு நின்றவர் நள்ளிரவு தாண்டியும் நின்றுகொண்டிருந்தார்.

அவள் பொய் சொல்லவில்லை, ஒரு நாள்கூட அனுமதிக்கு மேல் தங்கியதில்லை. விதி என்ன என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். சொல்ல வேண்டியவர்கள் சொல்லியிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலேசிய, சிங்கப்பூர் கடப்பிதழ் இருந்தால் பிரிட்டனுக்கு வருகையாளராகப் போக விசா வேண்டாம். ஒரு தடவைக்கு ஆறு மாதம் வரை தங்கலாம். 2025 ஜனவரி 8 முதல் ஈ.டி.ஏ. என்ற மின்னணு அனுமதி எடுத்தாக வேண்டும். 10 பவுண்டாக இருந்த அதன் கட்டணம் அதே வருடம் ஏப்ரலில் 16 ஆனது, பிறகும் மாறியிருக்கலாம். இரண்டு வருடம் செல்லும். ஆனால் நடுவில் கடப்பிதழைப் புதுப்பித்தால் பழைய ஈ.டி.ஏ. செத்துப்போகும், புதிதாக எடுக்க வேண்டும். விண்ணப்பத்தை அரசாங்கத்தின் செயலியிலோ தளத்திலோ மட்டும் போடுங்கள். தேடினால் முதலில் வந்து நிற்கும் தளங்களில் பல, அதே வேலைக்குப் பல மடங்கு காசு பிடுங்குபவை. இந்திய, இலங்கைக் கடப்பிதழ்காரர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது, விசாவே எடுக்க வேண்டும். ஆனால் கீழே சொல்லும் "அடிக்கடி வருவது" பற்றிய விதி அவர்களுக்கும் உண்டு.

ஈ.டி.ஏ. இருந்தால் விமானத்தில் ஏற விடுவார்கள். நாட்டுக்குள் விடுவதா வேண்டாமா என்பதை முகப்பில் இருக்கும் குடிநுழைவு அதிகாரி ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தீர்மானிக்கிறார். விசா எடுப்பவர் ஊரிலேயே உட்கார்ந்து தாள்களைக் காட்டி முடித்துவிடுகிறார். விசா வேண்டாதவர் பதினான்கு மணி நேரம் பறந்த களைப்போடு, தூக்கக் கலக்கத்தில், நின்றபடி அதே பரீட்சையை எழுதுகிறார்.

அந்த 180 நாள் கதை

எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது இதுதான்: "வருடத்தில் 180 நாள் வரைக்கும் இருக்கலாமாமே?" அப்படி ஒரு விதி கிடையாது. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் என்று கணக்கு உண்டு. கூட்டிக் கழித்தால் தெரிந்துவிடும். பிரிட்டன் அப்படி எண் எதுவும் தரவில்லை. வருகையாளர் விதிகளில் வி 4.2 என்ற பகுதி சொல்வது, அடிக்கடியோ அடுத்தடுத்தோ வந்து நீண்ட காலம் அங்கே வாழக்கூடாது, பிரிட்டனைத் தன் முதன்மை வீடாக ஆக்கிக்கொள்ளக்கூடாது என்பதுதான். எத்தனை தடவை வந்தால் "அடிக்கடி"? அதைச் சொல்ல மாட்டார்கள். தாண்டிவிட்டாய் என்று மட்டும் சொல்வார்கள்.

இதனால் இரண்டு பக்கமும் அடிபடுகிறார்கள். 180 நாளை நம்பி ஐந்தரை மாதம் இருந்துவிட்டு, மூன்று வாரம் ஊரில் தலைகாட்டிவிட்டுத் திரும்புகிறவர் மாட்டிக்கொள்கிறார். வருடத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு இரண்டு வாரம் என்று நியாயமாகப் போகிறவர் வீணாகப் பயந்து பொய் சொல்லத் தொடங்குகிறார்.

அதிகாரி உண்மையில் பார்ப்பது என்ன? கடந்த 12 மாதத்தில் எத்தனை தடவை வந்தாய், ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நாள், போன தடவைக்கும் இதற்கும் இடையில் எவ்வளவு இடைவெளி, நடுவில் ஊருக்குப் போனது எதற்கு, திரும்ப உள்ளே வருவதற்காக மட்டும்தானா, ஊரில் வேலை, வீடு, வரி எல்லாம் இருக்கிறதா. வார இறுதிக்குப் பாரிஸ் போய்விட்டு வந்தால் ஆறு மாதம் புதிதாக எண்ணத் தொடங்கும் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். அதைப் பிடிப்பதற்காகவே "நடுவில் போனது எதற்கு" என்ற கேள்வி இருக்கிறது.

கேட்பவர்களுக்கு நான் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. எந்த 12 மாதத்தை எடுத்தாலும் அங்கே இருந்ததைவிட ஊரில் இருந்த நாள் நன்றாகவே கூடுதலாக இருக்கட்டும். ஒரு பயணம் எவ்வளவு நீளமோ, அடுத்ததற்கு முன் அதைவிட நீண்ட இடைவெளி விடுங்கள். இது சட்டம் இல்லை. அடிபட்டவர்களைப் பார்த்து நானே போட்டுக்கொண்டது.

சிங்கப்பூர்க்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2019 முதல் நீங்கள் தானியங்கிக் கதவு வழியாகப் போகிறீர்கள். கேள்வி இல்லை, முத்திரை இல்லை. அதனால் எல்லாம் சரியாக இருப்பதாக ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. கதவு ஒரு நாள் திறக்காமல் அதிகாரியிடம் அனுப்பினால், அத்தனை பயணத்துக்கும் அன்றைக்கு ஒரே நாளில் பதில் சொல்ல வேண்டும். முத்திரை இல்லாததால் போன தேதி, வந்த தேதியை நீங்கள்தான் வைத்திருக்க வேண்டும். போர்டிங் பாஸை ஒரு படம் எடுத்து வையுங்கள்.

"சுற்றிப் பார்க்க வந்தேன்னு சொல்லிடு"

உறவுக்காரர்கள் தரும் யோசனைகளிலேயே கெட்டது இது. காதலரையோ கணவரையோ பார்க்கப் போவது குற்றமே இல்லை. குடும்பத்தினரையும் நண்பர்களையும் பார்ப்பது அனுமதிக்கப்பட்ட காரணம். ஆனால் அதை மறைத்து, பக்கிங்ஹாம் அரண்மனை பார்க்க வந்தேன் என்று சொல்லி, பிறகு கைப்பேசியில் உண்மை தெரிந்தால் அது ஏமாற்று என்று பதிவாகும். அதற்குப் பத்து வருடம் வரை தடை வரலாம். இதோடு ஒப்பிட்டால், வெறுமனே திருப்பி அனுப்பப்படுவதற்கு என்று தனியாகத் தடைக்காலம் கிடையாது.

நேராகச் சொல்லுங்கள்: "என் வருங்காலக் கணவரைப் பார்க்க வந்திருக்கிறேன். மூன்று வாரம். 24ஆம் தேதி திரும்புகிறேன், 27ஆம் தேதி வேலைக்குப் போக வேண்டும்." தேதியோடு சொன்னால் பாதி சந்தேகம் அங்கேயே அடங்கும்.

அப்புறம், வெளியே நிற்பவரைத் தயார்படுத்துங்கள். அதிகாரி அவரைத் தொலைபேசியில் அழைக்கலாம். வருங்கால மனைவி எவ்வளவு நாள் தங்குகிறாள் என்று கேட்டபோது, "ஆறு வாரம்" என்று இவள் உள்ளே சொல்லியிருக்க, "பார்க்கலாம், முடிவு பண்ணலை" என்றாராம் ஒரு மாப்பிள்ளை. அந்த ஒரு "பார்க்கலாம்" போதும்.

தாள்கள் கையில் இருக்கட்டும், ஏற்றிவிட்ட பெட்டியில் வேண்டாம். திரும்பும் டிக்கெட், முதலாளி தந்த விடுப்புக் கடிதம் (வேலைக்குத் திரும்பும் தேதி அதில் கட்டாயம் இருக்க வேண்டும்), மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஈ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) கணக்கு அறிக்கை, வீட்டு வாடகை ஒப்பந்தம் அல்லது கடன் தாள், தங்கப்போகும் முகவரியோடு துணை எழுதிய கடிதம். அசல் பட்டச் சான்றிதழை ஊரிலேயே வையுங்கள். கூறைப்புடவையை யாரிடமாவது முன்பே கொடுத்து அனுப்புங்கள் என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். கல்யாணம் செய்யத்தான் போகிறீர்கள் என்றால் அதற்கான விசாவை எடுங்கள், ஏனென்றால்:

விசா வேண்டாதவர்களும் அங்கே பதிவுத் திருமணம் செய்துகொள்ளவோ, அதற்கான அறிவிப்புக் கொடுக்கவோ திருமண வருகையாளர் விசா எடுத்தாக வேண்டும். பதிவு அலுவலகத்தில் அறிவிப்புக் கொடுத்து 28 நாள் காத்திருக்க வேண்டும் என்பதால் பலர் "அறிவிப்பு மட்டும் இந்தத் தடவை" என்று போகிறார்கள். அதுவும் கூடாது. திருமண வருகையாளர் விசா எடுத்துப் போனாலும், தாலி கட்டிய கையோடு அங்கேயே தங்கிவிட முடியாது.

சாதாரணமாகத் தெரிந்து கழுத்தை அறுப்பவை

துணையின் கடையில் கல்லாவில் ஒரு மணி நேரம் உட்காருவது வேலை. சம்பளம் வாங்கவில்லை என்றாலும் வேலைதான். ஊரில் உள்ள நிறுவனத்துக்கு மடிக்கணினியில் வேலை செய்வது 2024 ஜனவரி 31 முதல் அனுமதி, ஆனால் வந்ததன் முதல் காரணம் அதுவாக இருக்கக்கூடாது. "நாலு மாதம் இங்கிருந்தே வேலை பார்ப்பேன்" என்று பெருமையாகச் சொன்னால், அங்கேயே வாழ்கிறீர்கள் என்று எழுதிக்கொள்வார்கள்.

அந்த ஊர் மருத்துவரிடம் (ஜி.பி. என்பார்கள்) பதிவு செய்வது இலவசம், யாரும் தடுக்க மாட்டார்கள். துணையே அன்போடு கூட்டிப்போய்ப் பதிந்து வைப்பார். அதே பதிவு, நீங்கள் அங்கே குடியிருப்பதற்கு அடையாளம் என்று அதிகாரிகளின் கையேட்டில் இருக்கிறது. ஒரு அலுவலகம் வரவேற்கும், இன்னொரு அலுவலகம் அதையே குற்றப்பத்திரிகை ஆக்கும். இன்னொன்று: வருகையாளர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் செலவில் 150 விழுக்காடு கட்டணம். 500 பவுண்டோ அதற்கு மேலோ பாக்கி வைத்துவிட்டு வந்தால் அடுத்த அனுமதியை மறுக்க அது போதும். பயணக் காப்புறுதி எடுக்காமல் போகாதீர்கள்.

உட்கார வைத்துவிட்டால்

ஐ.எஸ்.81 என்று ஒரு தாள் தருவார்கள். மேற்கொண்டு விசாரிக்கிறோம் என்று அர்த்தம், இன்னும் மறுத்துவிடவில்லை. ஆங்கிலம் தெரிந்தாலும் களைப்பாக இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். புரியாத கேள்விக்கு "யெஸ்" போடாதீர்கள், நம்மவர்களுக்கு அந்தப் பழக்கம் அதிகம். எழுதிக்கொண்டதைப் படித்துக் காட்டச் சொல்லி, தவறிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். அந்தக் குறிப்புதான் பல வருடம் உங்கள் பின்னால் வரும்.

வருகையாளரை மறுத்தால் சாதாரண மேல்முறையீடு கிடையாது. ஊருக்கு வந்த பிறகு ஒன்றை மறக்காதீர்கள்: எந்த நாட்டு விசாப் படிவத்திலும் "நுழைவு மறுக்கப்பட்டதுண்டா" என்ற கேள்வி வந்தால் இனி பதில் "ஆம்" தான். மறைத்தால் அது தனிக் குற்றம். அடுத்த தடவை ஈ.டி.ஏ.யை நம்பிக் கிளம்பாமல், காரணங்களை விளக்கி வருகையாளர் விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டுப் போவதே நல்லது.

"உள்ளே வந்துடு, மாத்திக்கலாம்"

முகவர்கள் சிலர் சொல்லும் வசனம் இது. வருகையாளராகப் போய் அங்கிருந்தே துணைவர் விசாவுக்கு மாற முடியாது. ஊருக்குத் திரும்பித்தான் விண்ணப்பிக்க வேண்டும். பிரிட்டனில் காசு வாங்கிக் குடிநுழைவு ஆலோசனை சொல்பவர் வழக்கறிஞராகவோ, அதற்கான அரசு ஆணையத்தில் பதிந்தவராகவோ இருக்க வேண்டும். இல்லாமல் செய்வது குற்றம். பதிவு எண்ணைக் கேளுங்கள். முகம் மாறினால் எழுந்து வந்துவிடுங்கள்.

வருடத்துக்கு மூன்று நான்கு தடவை போகத் தொடங்கிவிட்டீர்கள் என்றால், அடுத்த டிக்கெட் காசை துணைவர் விசாவுக்குச் சேர்க்கத் தொடங்குங்கள். அதிலும் பொறி உண்டு. 2024 ஏப்ரல் 11 முதல் புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்குக் குறைந்தபட்ச வருமான வரம்பு ஆண்டுக்கு 29,000 பவுண்ட். ஊரிலிருந்து விண்ணப்பிக்கும்போது உங்கள் மலேசியச் சம்பளம் அதில் சேராது, அது எத்தனை ஆயிரம் ரிங்கிட்டாக இருந்தாலும். அங்கே இருப்பவரின் சம்பளம்தான் கணக்கு. அவர் வேலை மாறி ஆறு மாதம் ஆகவில்லை என்றால், காட்ட வேண்டிய தாள்களும் கணக்குப் போடும் முறையும் வேறு. அதனால் அவர் வேலை மாறும் முன் தேதியைப் பார்த்துக்கொள்ளட்டும்.

திருமணம் ஆகாத துணைகள் இரண்டு வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்திருக்க வேண்டும் என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். 2024 ஜனவரி 31 முதல் அப்படி இல்லை. இரண்டு வருடமாகத் திருமணத்துக்கு ஒப்பான உறவில் இருந்ததைக் காட்டினால் போதும். நீங்கள் போய் வந்த ஒவ்வொரு பயணமும் அதற்குச் சாட்சி. முகப்பில் உங்களுக்கு எதிராக எண்ணப்பட்ட அதே முத்திரைகள், இங்கே உங்கள் பக்கம் நிற்கும். பழைய கடப்பிதழைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.