ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு 25 மீட்டர் நீந்தியதும் ஏன் மூச்சு முட்டுகிறது?

உடற்கல்விப் பாடமாக நீச்சலை எடுக்கும் கல்லூரி மாணவர்களில் ஒருவரை ஒவ்வொரு செமஸ்டரிலும் பார்க்கிறேன். பெயர் மாறும், ஆள் மாறமாட்டார். மைதானத்தில் ஐந்து கிலோமீட்டரை நிற்காமல் ஓடுவார், ஜிம்மிலும் நன்றாகச் செய்வார், ஆனால் குளத்தில் இறங்கி 25 மீட்டர் போய் எதிர்ச்சுவரைப் பிடித்ததும் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, "சார், எனக்கு ஸ்டாமினாவே இல்ல போல" என்பார். நேற்று மாலை ஓடிய அதே இதயமும் அதே நுரையீரலும்தான் இன்று காலை குளத்துக்கு வந்திருக்கின்றன, ராத்திரியோடு அவை எங்கும் போய்விடவில்லை. அவருக்கு மூச்சு முட்டியதற்கு முதல் காரணம், தண்ணீருக்குள் முகம் இருந்த நேரமெல்லாம் அவர் மூச்சை வெளியே விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததுதான்.

மூச்சு முட்டும்போது ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அந்த நேரத்தில் ரத்தத்தில் ஆக்சிஜன் போதிய அளவு இருக்கும். "மூச்சு எடு, உடனே எடு" என்று விரட்டுவது கார்பன் டை ஆக்சைடு. மூளையின் அடிப்பகுதியில் உள்ள முகுளமும், கழுத்துத் தமனியில் உள்ள சின்னச் சின்ன உணர்விகளும் ரத்தத்தில் இந்த வாயு எவ்வளவு இருக்கிறது என்று ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. தமனி ரத்தத்தில் அதன் அழுத்தம் சாதாரணமாக 40 மில்லிமீட்டர் பாதரசம் அளவில் இருக்கும், அது இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஏறினாலே சும்மா உட்கார்ந்திருப்பவருடைய மூச்சின் அளவு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். ஆக்சிஜன் விஷயத்தில் உடம்பு இவ்வளவு கறாராக இருப்பதில்லை. அதன் அழுத்தம் 100லிருந்து 60 வரை இறங்கும்வரை பெரிதாகக் கண்டுகொள்ளாது.

இப்போது அந்த மாணவர் என்ன செய்கிறார் என்று அருகில் நின்று பார்ப்போம். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு, கன்னத்தை உப்பிக்கொண்டு முகத்தை நீருக்குள் வைக்கிறார். நான்கைந்து முறை கை போடுகிறார், தசைகள் வேலை செய்யச் செய்ய கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே போகிறது, ஆனால் ஒரு குமிழிகூட மேலே வரவில்லை. அப்புறம் முகத்தைப் பக்கவாட்டில் திருப்புகிறார். வாய் நீருக்கு மேலே இருக்கப்போவது அரை நொடியோ முக்கால் நொடியோதான், அந்த நேரத்துக்குள் பழைய காற்றையும் விட்டுப் புதுக் காற்றையும் எடுத்தாக வேண்டும், நடக்கிற காரியமா அது? கொஞ்சம் விடுகிறார், விட்டதைவிடக் குறைவாக இழுக்கிறார். மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் இவற்றுக்குள் மட்டுமே 150 மில்லிலிட்டர் அளவுக்குக் காற்று தங்கிவிடும், அது வாயுப் பரிமாற்றத்துக்கு உதவாது, அதனால் இப்படி மேலோட்டமாக எடுக்கும் மூச்சில் பெரும்பங்கு நுரையீரலின் உள்ளறைகளைத் தொடாமலே திரும்பிவிடுகிறது. நுரையீரல் நிறைய காற்றை வைத்துக்கொண்டே "காற்று போதவில்லை" என்று தவிக்கும் நிலை இதுதான். தவிப்பு வந்ததும் உடம்பு விறைக்கிறது, விறைத்த தசை இன்னும் அதிகமாகக் கார்பன் டை ஆக்சைடைத் தள்ளுகிறது, அது தவிப்பைக் கூட்டுகிறது.

அதனால்தான் முதல் வகுப்பில் நாங்கள் யாரையும் நீந்த விடுவதில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, முகத்தை நீருக்குள் வைத்து, மூக்கு வழியாக "ம்ம்ம்" என்று முனகச் சொல்வோம். பார்க்கச் சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும், ஆனால் இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது, ஏனென்றால் முனகிக்கொண்டே மூச்சைப் பிடித்து வைத்திருக்க யாராலும் முடியாது. குமிழிகள் ஒரே சீராக மேலே வர வேண்டும், முகத்தைத் திருப்புவதற்குச் சற்று முன் மிச்சத்தைக் கொஞ்சம் வேகமாக ஊதிவிட வேண்டும், வாய் வெளியே வந்ததும் இழுக்கிற வேலை மட்டும்தான் பாக்கி இருக்க வேண்டும்.

தண்ணீரும் சும்மா இருப்பதில்லை, எல்லாப் பக்கமிருந்தும் நெஞ்சை அழுத்துகிறது. கழுத்தளவு நீரில் நிற்பவருக்கு மூச்சு எடுக்கும் வேலை கரையில் நிற்பதைவிட ஏறக்குறைய 60 சதவீதம் அதிகம். உதரவிதானமும் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் அந்தப் பாரத்தைத் தள்ளித்தான் நெஞ்சை விரிக்க வேண்டும். முதல் நாள் குளத்தில் இறங்கி நின்றதுமே நெஞ்சை யாரோ பிடிப்பது போல இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். அது பயம் மட்டுமல்ல, நிஜமாகவே பிடிக்கிறது.

அடுத்த சிக்கல் கால். "என் கால் மட்டும் மூழ்குது சார்" என்பது வகுப்பில் நான் அதிகம் கேட்கும் இரண்டாவது புகார். நுரையீரல் நிறையக் காற்று இருக்கும்போது பெரும்பாலானவர்களின் உடம்பு அதே கன அளவுள்ள தண்ணீரைவிடக் கொஞ்சம் லேசாக இருக்கும், முழுவதுமாக விட்டுவிட்டால் கனமாகிவிடும். ஆர்க்கிமிடீஸ் சொன்ன அதே மிதப்பு விதிதான். முழங்காலைக் கட்டிக்கொண்டு பந்து மாதிரி மிதக்கச் சொல்லி, அப்படியே மெதுவாக மூச்சை விடச் சொன்னால், முதுகு நீர்மட்டத்திலிருந்து கீழே இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். காற்றெல்லாம் இருப்பது நெஞ்சில், ஆகவே மிதப்பு விசையின் மையமும் நெஞ்சுப் பக்கமே இருக்கிறது. எடையின் மையம் இடுப்புக்கு அருகில், கொஞ்சம் கீழே. ஒன்று மேலே தூக்குகிறது, இன்னொன்று கீழே இழுக்கிறது, இரண்டும் ஒரே நேர்கோட்டில் இல்லை, அதனால் உடம்பு ஏற்றம் போலச் சாய்ந்து கால் இறங்குகிறது. கொழுப்பு தண்ணீரைவிட லேசு, தசையும் எலும்பும் கனம், ஆகவே ஒல்லியாக, காலில் நல்ல தசையோடு இருக்கும் ஓட்டக்காரருக்குத்தான் கால் சீக்கிரம் மூழ்கும். அவருடைய உடற்தகுதியே இங்கே அவருக்கு எதிராக வேலை செய்கிறது.

இதைச் சமாளிக்க அவர் செய்வது தலையைத் தூக்குவது. தலை நான்கரை ஐந்து கிலோ இருக்கும். நீருக்குள் இருக்கும்வரை அந்த எடையைத் தண்ணீரே தாங்கிக்கொள்கிறது, வெளியே தூக்கியதும் அத்தனையும் உடம்பின் மேல் விழுகிறது, மறுமுனையில் கால் இன்னும் ஒரு சாண் கீழே போகிறது. எதிர்ச்சுவரைப் பார்க்காதே, குளத்தின் தரையைப் பார் என்று நாங்கள் கத்திக்கொண்டே இருப்பது இதற்காகத்தான். முன்பு சொன்ன குமிழியும் இதில் சேர்கிறது. மூச்சை மொத்தமாக ஒரே தடவையில் விட்டால் மிதப்பும் போய்விடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே சீராக விடுவது.

கால் இறங்கினால் என்ன கெட்டுப்போகிறது? தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. சாய்ந்த உடம்பு தண்ணீருக்குக் காட்டும் முகப்பு பெரிது, ஒரு கதவைத் தள்ளிக்கொண்டு போவது போல. அதோடு, வேகத்தை இரண்டு மடங்காக்கினால் எதிர்ப்பு விசை ஏறக்குறைய நான்கு மடங்காகும், அதை வெல்லத் தேவையான திறன் எட்டு மடங்காகும். சைக்கிள் மிதிக்கும்போது உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் 20 சதவீதத்துக்கு மேல் பயனுள்ள வேலையாக மாறுகிறது, நீச்சலில் பத்து சதவீதத்தைத் தொடுவதே கஷ்டம். மிச்சமெல்லாம் சூடாகவும் சுழலாகவும் நுரையாகவும் போய்விடுகிறது. அதனால்தான் அடித்துப் பிடித்துக் கை போடுகிற புதியவர், பக்கத்து லேனில் சோம்பலாகப் போவது போல் தெரிகிற அறுபது வயதுக்காரரிடம் தோற்றுப்போகிறார். ஃப்ரீஸ்டைலில் முன்னே தள்ளும் விசையில் மிகப் பெரும்பங்கு கையிலிருந்து வருகிறது. காலோ உடம்பிலேயே பெரிய தசைகள் உள்ள இடம், அதைச் சைக்கிள் மிதிப்பது போல மடக்கி மடக்கி உதைத்தால் ஆக்சிஜனைக் குடித்துத் தீர்க்கும், தூரம் மட்டும் நகராது. 25 மீட்டருக்கு எத்தனை முறை கை போட்டீர்கள் என்று எண்ணிப் பாருங்கள், நேரத்தைப் பார்ப்பதைவிட அது நல்ல அளவுகோல்.

இன்னொன்றையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஸ்டாமினா எங்கும் போகவில்லை என்று ஆரம்பத்தில் சொன்னேன், அது இதயத்துக்கும் ரத்தத்துக்கும் பொருந்தும். தசைக்கு முழுவதும் பொருந்தாது. தசை செல்லுக்குள் ஆக்சிஜனை வைத்து ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா, பயிற்சி பெற்ற தசையில்தான் பெருகுகிறது. 1967இல் ஜான் ஹாலஸி என்ற ஆய்வாளர் எலிகளை டிரெட்மில்லில் ஓடவிட்டுக் காட்டியது இதைத்தான், ஓடிய காலின் தசையில் அந்த மாற்றம் தெரிந்தது. ஓட்டக்காரருடைய காலில் அது ஏராளம், தோளிலும் முதுகிலும் சாதாரண அளவே. வாரம் இரண்டு மூன்று நாள் வந்தால், முதல் சில வாரங்களில் தெரியும் முன்னேற்றம் பெரும்பாலும் நரம்புகளின் பழக்கம், எந்தத் தசையை எப்போது இறுக்குவது எப்போது தளர்த்துவது என்று மூளை கற்றுக்கொள்வது. ரத்தத்தின் நீர்ப் பகுதியான பிளாஸ்மாவின் அளவு சில நாட்களிலேயே கூடத் தொடங்கும், தசைக்குள் நடக்கும் மாற்றத்துக்கு வாரக்கணக்கில் ஆகும். செமஸ்டர் லீவில் மூன்று நான்கு வாரம் ஒன்றுமே செய்யாமல் விட்டால் வந்ததில் ஒரு பகுதி இறங்கிவிடும், ஆனால் கற்ற நீச்சல் மறக்காது.

உடற்தகுதி வகுப்பில் சொல்லிக்கொடுத்த நாடிக் கணக்கைக் குளத்துக்கு அப்படியே கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். 220லிருந்து வயதைக் கழி, அதில் இத்தனை சதவீதம் என்று ஒரு கணக்கு உண்டு இல்லையா, ஓட்டத்தில் ஓரளவு பொருந்தும் அந்த எண் நீச்சலில் அப்படியே பொருந்தாது. பெரும்பாலானவர்களுக்கு நீச்சலில் உச்ச நாடித்துடிப்பு ஓட்டத்தில் இருப்பதைவிட நிமிடத்துக்குப் பத்து துடிப்பாவது குறைவாக இருக்கும். காரணம் சோம்பல் இல்லை. படுத்த நிலையில் இருக்கிறோம், தண்ணீர் வேறு காலையும் வயிற்றையும் அழுத்தி ரத்தத்தை நெஞ்சுப் பக்கம் தள்ளுகிறது, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தத்தை வெளியேற்றுகிறது, ஆகவே குறைந்த துடிப்பே போதும். முகத்தில் குளிர்ந்த நீர் பட்டாலே இதயத்தை மெதுவாக்கும் ஒரு அனிச்சைச் செயலும் சேர்ந்துகொள்கிறது, சீல்களிடம் இது மிகத் தீவிரமாகவும் நம்மிடம் லேசாகவும் உண்டு. நெஞ்சுக்கு ரத்தம் கூடிவருவதை உடம்பு "நீர் அதிகமாகிவிட்டது" என்று எடுத்துக்கொண்டு சிறுநீரகத்துக்குத் தகவல் அனுப்புகிறது, குளத்தில் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் சிறுநீர் முட்டுவது அதனால்தான். வெட்கப்படாமல் ஏறிப் போய் வாருங்கள், தயவுசெய்து குளத்திலேயே விட்டுவிடாதீர்கள். சிறுநீரிலும் வியர்வையிலும் உள்ள நைட்ரஜன் பொருள்கள் குளோரினோடு சேர்ந்து குளோரமின் ஆகின்றன, கண்ணெரிச்சலும் இருமலும் "குளோரின் வாசனை" என்று நாம் சொல்லும் அந்த நெடியும் பெரும்பாலும் இதனுடைய வேலை. மூச்சைக் கற்றுக்கொள்ள வந்த இடத்தில் பக்கத்தில் இருப்பவரை இரும வைக்கலாமா?

கடைசியாக ஒன்று, இதை நான் ஒவ்வொரு வகுப்பிலும் குரலை உயர்த்தித்தான் சொல்கிறேன். ஏழெட்டு வாரம் ஆனதும் பயம் போய்விடும், யார் நீருக்கடியில் அதிக தூரம் போவது என்று பந்தயம் வரும். போவதற்கு முன் வேகவேகமாகப் பத்து இருபது மூச்சு இழுத்துவிட்டால் அதிக நேரம் தாங்கலாம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். தாங்கலாம், உண்மை, ஆனால் அதற்கான காரணம்தான் ஆளைக் கொல்கிறது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏற்கெனவே 97, 98 சதவீதம் ஆக்சிஜனால் நிரம்பித்தான் இருக்கிறது, வேகமாக மூச்சு விடுவதால் அதில் கூடுவது மிகச் சொற்பம். குறைவது கார்பன் டை ஆக்சைடு. ஆரம்பத்தில் அந்த மாணவரை 25 மீட்டரில் தவிக்க வைத்த அதே எச்சரிக்கை மணியைத்தான் இவர் கையாலேயே கழற்றி வைக்கிறார். மணி அடிப்பதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து, எந்த அறிகுறியும் இல்லாமல், நெஞ்சில் தவிப்பே இல்லாமல் நினைவு போய்விடும். வெளியே மயங்கினால் கீழே விழுவோம், எழுவோம். நீருக்கடியில் மயங்கியவருடைய உடம்பு அடுத்த மூச்சைத் தானாக எடுக்கும்போது உள்ளே போவது தண்ணீர். நீச்சல் தெரியாதவரைவிட நன்றாகத் தெரிந்தவருக்கே இது நேர்கிறது, இடுப்பளவு நீரிலும் நேர்கிறது, மேலே நிற்பவருக்கு அவர் இன்னும் போட்டி போட்டுக்கொண்டிருப்பது போலத்தான் தெரியும்.

அதனால் என் வகுப்பில் அந்தப் பந்தயம் கிடையாது. நீருக்கடியில் போக வேண்டிய பயிற்சி வந்தால் ஒரு நேரத்தில் ஒருவர், சாதாரணமாக ஒரே ஒரு மூச்சு, தவிப்பு வந்த உடனே மேலே வந்துவிட வேண்டும், அவர் தலை வெளியே தெரிகிறவரை என் கண் வேறு யார் பக்கமும் திரும்பாது.