மஞ்சள் அட்டை: வெப்பமண்டல நாட்டுக்குப் புறப்படும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய விதி

விசா வந்துவிட்டது, டிக்கெட் எடுத்தாயிற்று, புறப்பட இன்னும் ஒரு வாரம்தான். அப்போது யாரோ கேட்கிறார்கள்: "மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டாயிற்றா?" அந்தக் கேள்வி காதில் விழும்போது காலம் கடந்துவிட்டிருக்கிறது. இன்றே ஓடிப்போய் ஊசி போட்டுக்கொண்டாலும், அதற்கான சான்றிதழ் பத்து நாள் கழித்துத்தான் செல்லும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மஞ்சள் காய்ச்சல் வேறு, மஞ்சள் காமாலை வேறு. காமாலை என்பது ஓர் அறிகுறி. பல காரணங்களால் வரும். மஞ்சள் காய்ச்சல் கொசு மூலம் பரவும் தனி வைரஸ் நோய். அது முற்றிக் கல்லீரலைத் தாக்கும்போது கண்ணும் தோலும் மஞ்சளாவதால் அந்தப் பெயர் வந்தது. ஆப்பிரிக்காவின் வெப்பமண்டல நாடுகளிலும் மத்திய, தென் அமெரிக்க நாடுகளிலும் இருக்கிறது. இந்த வைரஸைக் கொல்லும் மருந்து இன்றுவரை இல்லை. உடல் தாங்கும்வரை தாங்கவைக்கும் சிகிச்சை மட்டுமே உண்டு. ஆனால் மிக நல்ல தடுப்பூசி இருக்கிறது. 1930களில் உருவான 17டி என்ற வலுவிழந்த வைரஸ் வகைதான் இன்றும் அதன் அடிப்படை. அதை உருவாக்கிய மேக்ஸ் தெய்லருக்கு 1951இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த ஊசியைப் பயணத்தோடு இணைப்பது சர்வதேச சுகாதார ஒழுங்குமுறைகள் (2005). உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் 190க்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றுக்கொண்ட இந்த விதித்தொகுப்பு 2007 ஜூன் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி ஒரு நாடு, தன் எல்லைக்குள் வருபவரிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழைக் கேட்கலாம். பயணிகள் அதை 'மஞ்சள் அட்டை' என்பார்கள்.

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இங்கே இருக்கிறது. ஒரு நாடு சான்றிதழ் கேட்பது தன்னைக் காத்துக்கொள்ள. ஊசி போட்டுக்கொள்வது நீங்கள் உங்களைக் காத்துக்கொள்ள. நோயே இல்லாத நாடு, நோயுள்ள நாட்டிலிருந்து வருபவரிடம் கண்டிப்பாகக் கேட்கும். நோய் பரவும் நாடு சில சமயம் எதையும் கேட்காமல் உள்ளே விட்டுவிடும். "அங்கே கேட்க மாட்டார்களாம், அதனால் ஊசி வேண்டாம்" என்று முடிவெடுப்பது ஆபத்தானது. உலக சுகாதார நிறுவனத்தின் நாட்டுப் பட்டியலில் 'சான்றிதழ் தேவையா' என்பதும் 'பயணிக்கு ஊசி பரிந்துரைக்கப்படுகிறதா' என்பதும் தனித்தனியாக இருக்கும். தயவுசெய்து இரண்டையும் படியுங்கள்.

ஆசிய நாடுகள் பல இதில் கறாராக இருப்பதற்கும் காரணம் உண்டு. ஆசியாவில் மஞ்சள் காய்ச்சல் வேரூன்றவில்லை. ஆனால் அதைப் பரப்பக்கூடிய ஏடிஸ் கொசு ஏராளம். 2016இல் அங்கோலாவில் நோய் பெரிதாகப் பரவியபோது, அங்கிருந்து திரும்பியவர்கள் வழியே சீனாவில் 11 பேருக்கு இந்த நோய் கண்டறியப்பட்டது.

சில நாடுகள் வருகிற எல்லோரிடமும் அட்டை கேட்கும். வேறு சில, நோய் அபாயமுள்ள நாட்டிலிருந்து வருபவரிடம் மட்டும் கேட்கும். விமானம் மாறுவதற்காக அத்தகைய நாட்டு விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தாலே 'அங்கிருந்து வந்தவர்' என்று பல நாடுகள் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. ஆகவே இறங்கும் நாட்டை மட்டும் பார்த்தால் போதாது, வழியில் நிற்கும் இடங்களையும் பார்க்க வேண்டும்.

இனி நாள் கணக்கு. ஜூன் 3ஆம் தேதி ஊசி போட்டால் அட்டை ஜூன் 13 முதல் செல்லும். உடலில் எதிர்ப்பாற்றல் உருவாக அவ்வளவு நாள் தேவை என்பதே காரணம். ஒருமுறை போட்டுக்கொண்டால் ஆயுள் முழுவதும் செல்லும். முன்பு பத்தாண்டுக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டியிருந்தது. 2016 ஜூலை 11 முதல் அந்த விதி மாறிவிட்டது. பழைய அட்டையில் பத்தாண்டுக் கெடு எழுதியிருந்தாலும் அதுவும் இப்போது ஆயுள் அட்டைதான். அந்தப் பழைய தேதியை நீங்களே அடித்துத் திருத்திவிடாதீர்கள். திருத்தலோ அழித்தலோ இருந்தால், ஏதாவது ஒரு கட்டம் காலியாக இருந்தால், அட்டை செல்லாது என்று சொல்லிவிட விதியில் இடம் இருக்கிறது.

அதனால் ஊசி போட்ட மையத்தை விட்டு வெளியே வரும் முன்பே அட்டையைக் கையில் வாங்கி ஒவ்வொரு கட்டமாகப் படியுங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா? தேதியில் மாதம் எழுத்தில் இருக்கிறதா? எண்ணில் எழுதினால் 3/6 என்பது ஒரு நாட்டில் ஜூன் 3, இன்னொரு நாட்டில் மார்ச் 6. தடுப்பூசியைத் தயாரித்த நிறுவனத்தின் பெயரும் பேட்ச் எண்ணும் இருக்கின்றனவா? மருத்துவரின் கையெழுத்து, மையத்தின் முத்திரை ஆகிய இரண்டும் வேண்டும். முத்திரை இருந்தால் கையெழுத்து வேண்டாம் என்பது கிடையாது. ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ நிரப்பியிருக்க வேண்டும். உங்கள் கையெழுத்துக்கும் இடம் உண்டு. பிள்ளைகளுக்குத் தனித்தனி அட்டை. எழுதத் தெரியாத குழந்தைக்குப் பெற்றோர் கையெழுத்திடலாம். அரசு அங்கீகரித்த மையத்தில் போட்ட ஊசிக்குத்தான் இந்த அட்டை கிடைக்கும்.

எல்லோருக்கும் இந்த ஊசி பொருந்தாது. இதில் உயிருள்ள, வலுவிழந்த வைரஸ் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கூடவே கூடாது. முட்டை கடுமையாக ஒத்துக்கொள்ளாதவர்களும் நோய் எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றியவர்களும் தவிர்க்க வேண்டும். 60 வயதைக் கடந்து முதன்முறையாகப் போடுபவர்களும் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் மருத்துவரிடம் விரிவாகப் பேசியே முடிவெடுக்க வேண்டும். ஊசி கூடாது என்று மருத்துவர் கருதினால், காரணத்தை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுதிக் கையெழுத்திட்டுத் தரலாம். இறங்கும் நாட்டின் அதிகாரிகள் அதைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது விதி. ஆனால் அந்தக் கடிதம் கொசுவைத் தடுக்காது. நோய் பரவும் பகுதியாக இருந்தால், அந்தப் பயணம் தேவைதானா என்பதையும் மருத்துவரிடமே கேளுங்கள்.

அட்டை இல்லாமல் போய் இறங்கினால் என்ன ஆகும்? நோய் அபாயமுள்ள நாட்டிலிருந்து வந்தவரை அதிகாரிகள் தனிமைப்படுத்தலாம். அதற்கும் எல்லை உண்டு: அட்டை செல்லத் தொடங்கும் நாள், அல்லது கடைசியாக நோய் தொற்றியிருக்கக்கூடிய நாளிலிருந்து ஆறு நாள், இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவரை மட்டும். கொசு கடித்து 3 முதல் 6 நாளுக்குள் காய்ச்சல் தலைகாட்டும் என்பதால் இந்த ஆறு நாள் கணக்கு. ஜூன் 3இல் ஊசி போட்டு, ஜூன் 8இல் நோயுள்ள நாட்டை விட்டுக் கிளம்பியவருக்கு ஆறு நாள் கெடு 14இல் முடியும். ஆனால் அட்டை 13இல் செல்லத் தொடங்குவதால் 13இலேயே விட வேண்டும்.

அப்படி நிறுத்திவைக்கப்பட்டவருக்கு உரிமைகளும் உண்டு. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அந்த நேரத்தில் மனிதர்கள் பயந்துபோகிறார்கள். போதிய உணவு, குடிநீர், தங்க இடம், தேவையான மருத்துவம், உடைமைகளுக்குப் பாதுகாப்பு, புரியும் மொழியில் தகவல் தொடர்புக்கு வழி ஆகியவற்றைத் தர அந்த நாடு கடமைப்பட்டிருக்கிறது. குடியேற வருபவரைத் தவிர மற்றப் பயணிகளிடம் தனிமைப்படுத்தலுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. பொதுவாக உங்கள் சம்மதம் இல்லாமல் ஊசி போடவும் முடியாது. ஆனால் மறுத்தால் நுழைவும் மறுக்கப்படலாம். உடனடி ஆபத்துக்குச் சான்று இருந்தால், தன் சட்டப்படி கட்டாயப்படுத்தவும் அந்த நாட்டுக்கு அதிகாரம் உண்டு.

அட்டை கிடைத்ததும் கொசுவை மறந்துவிடுபவர்கள் உண்டு. இந்த ஊசி மலேரியாவையும் டெங்குவையும் தடுக்காது. ஏடிஸ் கடிப்பது பகலில், மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கடிப்பது இரவில். எனவே பகலில் முழுக்கைச் சட்டையும் கொசு விரட்டிக் களிம்பும், இரவில் கொசுவலையும் வேண்டும். மலேரியா தடுப்பு மாத்திரை தேவையா என்பதை ஊசி போடப் போகும் அன்றே கேட்டுவிடுங்கள். சிலவற்றைப் புறப்படும் முன்பே தொடங்க வேண்டும். ஊர் திரும்பிச் சில வாரங்கள், ஏன் சில மாதங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், எந்த நாட்டுக்குப் போய் வந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் கைப்பையில் வையுங்கள், சரக்கில் போகும் பெட்டியில் வேண்டாம். தெளிவாக ஒரு புகைப்படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அசல் அட்டைக்கு அது ஈடாகாது. ஆனால் அட்டை தொலைந்துவிட்டால், ஊசி போட்ட மையத்தின் பதிவேட்டில் உங்கள் பெயரைத் தேட அந்தத் தேதியும் பேட்ச் எண்ணும் உதவும்.