ஆயிரம் ரூபாய் ஹெட்போனில் எதைப் பார்த்து வாங்குவது?

காது பரிசோதனை முடிந்து ஆடியோகிராமை (கேட்கும் திறனைக் கோடாகக் காட்டும் தாள்) கையில் வாங்கியதும் இளம் வயதுக்காரர்கள் பலர் கேட்பது இதைத்தான்: "அப்போ எந்த ஹெட்போன் வாங்கலாம் மேடம்? ஆயிரம் ரூபாய்க்குள்ள சொல்லுங்க." கூட வந்த அம்மா முறைப்பார். எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கும். பாட்டுக் கேட்பதை நிறுத்து என்றால் யாரும் நிறுத்தப் போவதில்லை, நிறுத்தவும் வேண்டாம். சேலத்தில் ஆடியோலஜிஸ்டாக, அதாவது கேட்கும் திறனைப் பரிசோதிப்பவராக இருக்கும் நான் தினமும் பார்ப்பதை வைத்துச் சொல்கிறேன். கையில் காசு குறைவாக இருந்தால், அந்தக் காசு முதலில் வெளிச்சத்தத்தை அடைப்பதற்குப் போகட்டும். பேஸ் (தாழ்ந்த ஒலிகள்), டிரைவர் (உள்ளே ஒலியை எழுப்புகிற பாகம்) சைஸ், பிராண்டு எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஒரு பஸ் பயணத்தை வைத்தே கணக்குப் போடலாம். ஆத்தூரிலிருந்து சேலத்துக்குத் தினமும் வந்து போகிற கல்லூரி மாணவர்கள் ஏராளம். சத்தத்தை அளக்கிற அலகு டெசிபல்; ஓடுகிற பஸ்ஸுக்குள் சுமார் 80 டெசிபல் இரைச்சல் இருக்கும். தனியார் பஸ் என்றால் அவர்கள் போடுகிற பாட்டும் ஏர் ஹாரனும் அதற்கு மேல். காதில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும் இயர்போன் இதில் எதையும் தடுக்காது. அதையெல்லாம் மீறிப் பாட்டுக் கேட்க வேண்டுமானால் வால்யூம் 90 டெசிபலைத் தொட்டுவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். 3 டெசிபல் கூடினாலே கேட்கக்கூடிய நேரம் பாதியாகிவிடும். போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி என்று வைத்தால் செவ்வாய்க்கிழமை சாயங்கால பஸ்ஸிலேயே அந்த வாரத்து 4 மணி நேரம் தீர்ந்துவிடுகிறது. இன்னும் மூன்று நாள் பாக்கி இருக்கிறது.

இப்போது அதே பஸ், அதே பாட்டு, ஆனால் காதை நன்றாக அடைக்கிற இன்-இயர் இயர்போன். முனையில் மாட்டுகிற ரப்பர் சரியான அளவில் பொருந்தினால் வெளிச்சத்தம் 20 டெசிபல் வரைகூடக் குறையும். இன்ஜின் உறுமல் மட்டும் அவ்வளவு குறையாது, பரவாயில்லை. 75 டெசிபலுக்குள்ளேயே பாட்டு தெளிவாகக் கேட்கிறது, வாரம் முழுவதும் கேட்டாலும் வரம்புக்குள்தான்.

உள்காதில் ஒலியை நரம்புக்கு அனுப்புகிற மயிர்ச் செல்கள் ஒவ்வொரு காதிலும் சுமார் 15,000 இருக்கின்றன. மனிதர்களுக்கு இவை அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை. அதிகச் சத்தத்தால் முதலில் அடிவாங்குவது பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்து உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன். ஆடியோகிராமில் அந்த இடத்தில் கோடு பள்ளமாக இறங்கும். இருபது வயதுப் பையன் ஒருவனின் தாளில் அந்தப் பள்ளத்தைக் காட்டும்போது அவன் சொன்னான்: "எனக்கு நல்லாத்தானே மேடம் கேக்குது." ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும். சத்தம் கேட்கும், ஆனால் கூட்டத்தில் யாராவது பேசினால் வார்த்தை பிடிபடாது. இசைப் பிரியர்களுக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு: சலங்கை, ஜால்ரா, வயலினின் மேல்ஸ்வரங்கள் இவற்றின் பளிச்சென்ற தன்மை மங்கத் தொடங்கும். அதற்கு அப்புறம் பத்தாயிரம் ரூபாய் ஹெட்போன் வாங்கினாலும் அது திரும்பக் கிடைக்காது.

காது அடைப்பதற்கும் பேஸுக்கும் நேரடித் தொடர்பு இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. "இதுல பேஸே இல்ல மேடம், வேற வாங்கணும்" என்று வருபவர்களிடம் அந்த இயர்போனையே மாட்டிப் பாட்டைப் போடச் சொல்வேன். பிறகு விரலால் மெதுவாக உள்பக்கம் அழுத்தச் சொல்வேன். அழுத்தியதும் முகம் மாறும். அதுவரை இல்லாத மிருதங்கமும் பேஸ் கிடாரும் திடீரென்று வந்து நிற்கும். தாழ்ந்த ஒலிகள் காதுக்குள் எட்ட வேண்டுமானால் இயர்போனுக்கும் செவிப்பறைக்கும் நடுவில் உள்ள காற்று மூடியபடி இருக்க வேண்டும். சின்ன இடைவெளி இருந்தாலும் பேஸ்தான் முதலில் கசியும். பாட்டு சப்பென்று ஆனதும் நாம் வால்யூமை ஏற்றுவோம். பேஸ் அப்போதும் கசிந்துகொண்டேதான் இருக்கும், மற்ற ஒலிகள் மட்டும் காதில் குத்தும்.

எல்லாம் ரப்பர் செய்கிற வேலை. டப்பாவில் பெரும்பாலும் மூன்று அளவு ரப்பர் தருவார்கள். நடு அளவு மாட்டியே வரும், மற்ற இரண்டும் டப்பாவிலேயே கிடக்கும். எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். வலது காதுக்கு ஓர் அளவும் இடது காதுக்கு வேறோர் அளவும் பொருந்துவது மிகச் சாதாரணம். மாட்டும் விதமும் முக்கியம்: வலது காதில் போடும்போது இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் வலது காது மடலை மேலேயும் பின்னாலேயும் இழுத்துக்கொண்டு, லேசாகத் திருகியபடி உள்ளே விடுங்கள். அப்புறம் வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகுங்கள். இரண்டு காதிலும் உங்கள் குரல் ஒரே அளவு முழங்கினால் சரியாக அடைத்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் முழங்கினால் அடுத்த பக்கத்து ரப்பரை மாற்றுங்கள். எதுவுமே பொருந்தாதவர்கள் ஃபோம் முனை தனியாக வாங்கிப் போடலாம், விரலால் உருட்டிச் சின்னதாக்கி விட்டால் உள்ளே விரிந்து அடைத்துக்கொள்ளும்.

விலை கூடினால் ஒலி தானாக நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கையையும் விட்டுவிடலாம். யெரூன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களை அளந்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், அவற்றின் ஒலி அமைப்புக்கும் விலைக்கும் தொடர்பு தெரியவில்லை. உழைக்கும் காலம், சொகுசு, வசதிகள் வேறு விஷயம், அவற்றுக்குக் காசு ஆகத்தான் செய்யும். 2022இல் வந்த மூன்டிராப் சூ, 7ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஜீரோ போன்ற ஒயர் இயர்போன்கள் இருபது டாலர் விலையிலேயே நல்ல பெயர் எடுத்தன. பட்ஜெட் இறுக்கம் என்றால் ஒயர் வைத்ததைத்தான் நான் சொல்வேன். ஒயர் இல்லாததில் பேட்டரிக்கும் ப்ளூடூத்துக்கும் கேஸுக்கும் உங்கள் காசில் ஒரு பங்கு போய்விடுகிறது, மிச்சத்தில்தான் ஒலி. அந்தக் குட்டி பேட்டரி சில வருடத்தில் தளர்ந்துவிட்டால் மாற்றவும் வழியிருக்காது. ஒயர் கழற்றி மாட்டுகிற மாதிரி கிடைத்தால் இன்னும் நல்லது. ஒயர் அறுந்துபோவது பெரும்பாலும் போனில் செருகுகிற பின்னுக்குப் பக்கத்தில்தான், ஒயரை மட்டும் மாற்றினால் போதும். போனில் 3.5 மி.மீ. ஓட்டை இல்லையென்றால் யூ.எஸ்.பி. சி கன்வெர்ட்டர் வேண்டும். எல்லாக் கன்வெர்ட்டரும் எல்லாப் போனிலும் வேலை செய்யாது, உங்கள் போனிலேயே மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

டப்பாவில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் டிரைவர் மில்லிமீட்டரைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒலி எப்படி இருக்கும் என்பதை அந்த எண் சொல்லாது. 'எக்ஸ்ட்ரா பேஸ்' என்பதையும் தவிர்த்துவிடுங்கள். பேஸைத் தூக்கியதில் பாடகரின் குரல் அமுங்கிப்போகும், குரல் கேட்க வால்யூமை ஏற்றுவீர்கள். ஏ.என்.சி. எனப்படும் இரைச்சல் நீக்கம் நல்ல தொழில்நுட்பம்தான், பஸ் இன்ஜின் மாதிரி ஒரே சீராக உறுமுகிற சத்தத்தில் நன்றாக வேலை செய்யும். ஆனால் மிகக் குறைந்த விலையில் கிடைக்கிற ஏ.என்.சி.யை விட, பொருந்துகிற ரப்பரே அதிகம் உதவும். தலைக்கு மேல் போடுகிற பெரிய ஹெட்போன் வீட்டில் உட்கார்ந்து கேட்க நன்றாக இருக்கும். நம் ஊர் சித்திரை வெயிலில் காது வேர்த்துக் கொட்டும், மலிவானதில் ரெக்சின் உரிந்து தோளெல்லாம் கறுப்புத் துகளாக விழும்.

கடையில் போட்டுப் பார்க்க விட்டால், கடைக்காரர் போடுகிற பாட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். நூறு தடவை கேட்ட உங்கள் பாட்டைப் போடுங்கள். மிருதங்கம் இருக்கிற பாட்டாக இருந்தால் மிக நல்லது. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் 'தொம்' தனியாகவும் வலப்பக்கமான வலந்தலையின் கணீரென்ற ஓசை தனியாகவும் கேட்க வேண்டும், இரண்டும் குழம்பிக் கூழானால் அது வேண்டாம். பாடகர் 'ச', 'ஷ' சொல்லும் இடத்தில் ஊசி குத்துகிற மாதிரி இருந்தாலும் வேண்டாம். இதையெல்லாம் வால்யூமைக் குறைத்து வைத்துக் கேளுங்கள். காது தாழ்ந்த ஒலிகளை மெல்லிய சத்தத்தில் குறைவாகவே உணரும் என்பதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933லேயே அளந்து காட்டினார்கள். அதனால் சத்தமாக வைத்தால் எந்த ஹெட்போனும் நன்றாக இருப்பது போலத் தோன்றும்.

சேலத்து அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டிப் பக்கத்துத் தறிக்காரர்களிடம் மட்டும் நான் வேறு பேச்சுப் பேச வேண்டியிருக்கிறது. "தறிச் சத்தத்துல ஃபுல்லா வெச்சாத்தானுங்க மேடம் பாட்டு கேக்குது" என்று ஒருவர் சொன்னார். விசைத்தறிக் கூடத்தில் 90 டெசிபலைத் தாண்டுவது சகஜம். நம் நாட்டுத் தொழிற்சாலை விதியில் 8 மணி நேர வேலைக்கு வரம்பே 90தான். அதற்கு மேல் பாட்டையும் ஏற்றினால் அந்தக் காதுக்கு எந்த ஹெட்போனும் உதவாது. தறி ஓடும்போது ஃபோம் அடைப்பானோ காது மூடியோ போடுங்கள் அண்ணா, பாட்டு வேலை முடிந்து வீட்டில் கேட்கலாம் என்றுதான் சொல்கிறேன். அவர்கள் பாட்டுக் கேட்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

ஏற்காடு போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சேலம் 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அடிவாரம் தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவு ஏறும்போது காது அடைத்துக்கொள்ளும், பாட்டு மந்தமாகக் கேட்கும். பலரும் அப்போது வால்யூமைத்தான் கூட்டுகிறார்கள். அடைப்பு 'டப்' என்று விட்டதும் அவ்வளவு சத்தமும் ஒரேயடியாக உள்ளே போகும். மலை ஏறும்போது கழற்றி வையுங்கள், எச்சிலை விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள். வண்டி ஓட்டும்போதும் ரோட்டில் நடக்கும்போதும் காதை அடைக்கிற இயர்போன் வேண்டவே வேண்டாம்.

புதிதாக வாங்குமுன் பழையதை ஒரு தடவை டார்ச் அடித்துப் பாருங்கள். "ஒரு பக்கம் சத்தம் கம்மியா இருக்கு" என்று கொண்டுவருகிற இயர்போன்களில் பலவற்றில் பழுதே இருக்காது. ரப்பரைக் கழற்றினால் உள்ளே இருக்கும் சின்ன வலை மேல் மஞ்சளாகக் குறும்பி அப்பியிருக்கும். முனையைத் தரையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு, உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டி எடுத்தால் போதும். குத்தாதீர்கள், வலை கிழிந்துவிடும். ரப்பரை சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காய வைத்து மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினாலும், வேர்வையோடு மணிக்கணக்கில் போட்டிருந்தாலும் காதுக்குள் காளான் தொற்று வரலாம். அண்ணன் தம்பியாக இருந்தாலும் இயர்போனை மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

வாங்கி வந்ததும் ராத்திரி வீடு அடங்கிய பிறகு, பாட்டு சுகமாகக் கேட்கிற வால்யூம் எத்தனை புள்ளியில் இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். பகலில் பஸ்ஸில் அதற்கு மேல் நாலைந்து புள்ளி ஏற்ற வேண்டியிருந்தால் ரப்பர் சரியில்லை, மாற்றுங்கள். கழற்றிய பிறகும் காதில் 'ங்ஙொய்' என்ற இரைச்சல் ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் பரிசோதனைக்கு வந்துவிடுங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் காத்திருக்கவே கூடாது. முதல் சில நாட்களுக்குள் சிகிச்சை தொடங்கினால்தான் மீட்க வாய்ப்பு அதிகம். அன்றைக்கே அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கோ பக்கத்திலுள்ள காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ போங்கள்.