வளைவில் வறண்டுபோகும் பம்ப்

பெட்ரோல் முள் கால் டேங்குக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. நேர்ச்சாலையில் என்ஜின் ஒரு குறையும் சொல்லாமல் ஓடுகிறது. நீண்ட வளைவு ஒன்று வருகிறது. பாதி வளைவில் என்ஜின் விக்குகிறது, ஒரு கணம் துவள்கிறது, வளைவு முடிந்ததும் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி இழுக்கிறது. கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு மின்னணு ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் பொருத்திய பழைய கார்களில் இது அடிக்கடி எழும் புகார். காயிலை மாற்றுவார்கள், பிளக்கை மாற்றுவார்கள், கணினியின் அளவீடுகளைத் திரும்பத் திரும்பத் திருத்துவார்கள். ஆனால் கோளாறு வண்டியின் பின்பக்கம், டேங்குக்குள் இருக்கிறது. பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்க, பம்ப் காற்றைக் குடித்திருக்கிறது.

எவ்வளவு ஒதுங்கும் என்பதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். திரும்பும் காருக்குள் இருக்கும் திரவத்தின் மேற்பரப்பு, பக்கவாட்டு முடுக்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்தால் வரும் சரிவில் சாயும். திரவம் பெட்ரோலா, தண்ணீரா என்பது பொருட்டே இல்லை. 100 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பில் சரிபாதி. பெட்ரோல் சுமார் 27 டிகிரி சாயும். அதே வளைவில் 100 கிலோமீட்டர் வேகம் என்றால் 38 டிகிரி. இனி 60 சென்டிமீட்டர் அகலமும் 25 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட தட்டையான டேங்கை எடுத்துக்கொள்வோம். அதில் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பெட்ரோல் மிச்சம். உறிஞ்சு குழாய் நட்டநடுவில். 80 கிலோமீட்டரில் குழாயின் வாய் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான ஆழத்தில் மூழ்கித் தப்பித்துவிடும். 100 கிலோமீட்டரில் பெட்ரோல் முழுவதும் ஒரு முக்கோணமாகச் சுவரோரம் ஒண்டிக்கொள்ள, நடுப்பகுதி காய்ந்த தரையாகிவிடும். இது திரவம் அசையாமல் நிலைபெற்ற பிறகு வரும் கணக்கு. உண்மையில் வளைவுக்குள் நுழையும் முதல் நொடியில் அது அலையாக எழும்பி, கணக்கைத் தாண்டிப் போய்த் திரும்பும். பல பழைய டேங்குகளுக்குள் இந்த அலையை உடைக்கத் தடுப்புத் தகடுகள் கிடையாது, இருந்தாலும் பெயருக்குத்தான்.

அப்படியானால் அதே டேங்கை வைத்துக்கொண்டு கார்புரேட்டர் எப்படி இத்தனை ஆண்டுகள் சமாளித்தது? பதில் அதன் மிதவைக் கிண்ணத்தில் இருக்கிறது. என்ஜினின் வாசலிலேயே கொஞ்சம் பெட்ரோலைச் சேமித்து வைக்கும் சின்னஞ்சிறு தொட்டி அது. மட்டம் உயர்ந்தால் மிதவை மேலே வந்து ஊசியால் வழியை அடைக்கும், தாழ்ந்தால் திறந்துவிடும். பம்ப் இரண்டு மிடறு காற்றை அனுப்பினாலும் அது கிண்ணத்தின் மேல் துளை வழியாக வெளியேறிவிடும். என்ஜினுக்குப் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையான ஜெட்டுக்கு எப்போதும் பெட்ரோல்தான் கிடைக்கும். தேவைப்படும் அழுத்தமும் மிகக் குறைவு, 0.2 முதல் 0.4 பார் வரை. கேம் தண்டு இடித்துக் கொடுக்கும் உதரவிதானப் பம்ப் ஒன்றே அதற்குப் போதும்.

இன்ஜெக்‌ஷன் வந்ததும் அந்தக் கிண்ணம் மறைந்துபோயிற்று. 1967இல் போஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் முறை வோக்ஸ்வாகன் 1600 காரில் வந்தபோது அழுத்தம் சுமார் 2 பார். இன்று பழைய கார்களில் மாற்றிப் பொருத்தும் முறைகள் பெரும்பாலும் 3 பாரில் இயங்குகின்றன. பம்புக்கும், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கும் நடுவே காற்றைப் பிரித்து வெளியேற்ற இடமே இல்லை. பெட்ரோலை அழுத்தினால் சுருங்காது, காற்று சுருங்கிக்கொடுக்கும். ஆகவே ஒரு குமிழி பம்புக்குள் புகுந்தாலே அழுத்தம் சரிந்துவிடும். இன்ஜெக்டர் வழியே பாயும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 3 பார் 2 பாராகக் குறைந்தால் பெட்ரோல் சுமார் 18 விழுக்காடு குறையும். கணினியோ வழக்கமான நேரத்துக்கே இன்ஜெக்டரைத் திறக்கும். முழு வேகத்தில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 12.8 பங்கு காற்று என்று அமைத்திருந்த கலவை, 15.7 பங்காக வறண்டுவிடும். விக்கல் காதுக்குக் கேட்கிறது. கடும் சுமையில் இப்படி வறண்ட கலவை எரிந்து, என்ஜின் தட்டத் தொடங்கி, பிஸ்டன் உருகுவது கேட்பதில்லை. டர்போ பொருத்திய என்ஜின் என்றால் அந்த ஒரு விக்கலே விலை உயர்ந்ததாகிவிடலாம்.

பம்புக்கும் இதில் சேதம் உண்டு. மின்சாரப் பெட்ரோல் பம்புக்குள் மோட்டார் பெட்ரோலிலேயே மூழ்கிச் சுழல்கிறது. அதைக் குளிர்விப்பதும் உராய்வைக் குறைப்பதும் அந்தப் பெட்ரோல்தான். (பிரஷ்ஷில் பொறி பறக்குமே, தீப்பிடிக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. உள்ளே ஆக்சிஜன் இல்லாதவரை பிடிக்காது.) அடிக்கடி காற்றைக் குடிக்கும் பம்ப் விரைவில் தேய்ந்துபோகும்.

இதற்கெல்லாம் மருந்துதான் சர்ஜ் டேங்க். மிதவைக் கிண்ணத்தை மிதவை இல்லாமல், ஒன்றிரண்டு லிட்டர் அளவுக்குப் பெரிதாக்கி, உயர் அழுத்த பம்புக்கு முன்னால் வைத்தால் அதுதான். உயரமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும், பெரும்பாலும் அலுமினிய உருளை. ஒடுக்கமாக இருப்பதால் எந்தச் சாய்விலும் அடிப்பகுதி நனைந்தே இருக்கும். நான்கு குழாய்கள். பெரிய டேங்கிலிருந்து குறைந்த அழுத்தத்தில் பெட்ரோல் கொண்டுவரும் லிஃப்ட் பம்பின் குழாய் உள்ளே வருகிறது. அடியிலிருந்து ஒரு குழாய் உயர் அழுத்த பம்புக்குப் போகிறது. இன்ஜெக்டரில் அழுத்தத்தை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர் திருப்பி அனுப்பும் மிச்சப் பெட்ரோல் இன்னொன்றில் வந்து விழுகிறது. உச்சியிலிருந்து நான்காவது குழாய் வழிந்தோடியாகப் பெரிய டேங்குக்கே திரும்புகிறது. லிஃப்ட் பம்ப் இப்போது காற்றைக் குடித்தாலும் கவலையில்லை. குமிழிகள் மேலே ஏறி வழிந்தோடி வழியே போய்விடும். அடியில் தெளிந்த பெட்ரோல் நிற்கும். உள்வரும் குழாயைச் சுவரை ஒட்டிச் சாய்வாக வைத்தால் பெட்ரோல் சுழன்று இறங்கும். கனமான திரவம் சுவரோரம் ஒதுங்க, காற்று நடுவில் திரண்டு மேலேறும். ஆங்கிலத்தில் இதை ‘சுழல் பானை’ என்ற பொருளில் அழைப்பது இதனால்தான்.

மூன்றாவது குழாயை எங்கே சேர்ப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஏற்கெனவே பெரிய டேங்குக்குப் போகும் ரிட்டர்ன் குழாய் இருக்கிறதே, ரெகுலேட்டர் மிச்சத்தை அதிலேயே விட்டுவிட்டால் என்ன? செய்யலாம், ஓடவும் செய்யும். ஆனால் சிறிய டேங்கின் பலம் பாதிக்கும் கீழே போய்விடும். மணிக்கு 110 லிட்டர் தள்ளும் பம்ப் நொடிக்கு 30 மில்லிலிட்டர் இழுக்கிறது, என்ஜினுக்குத் தேவையோ இல்லையோ. 150 குதிரைத்திறன் என்ஜின் முழு மூச்சில் ஓடினாலும் குடிப்பது நொடிக்குச் சுமார் 12 மில்லிலிட்டர்தான். மிச்சம் சிறிய டேங்குக்கே திரும்பினால், ஐந்து நொடி வளைவில் இழப்பு 60 மில்லிலிட்டர். பெரிய டேங்குக்குப் போனால் 150. முதல் வழியில் ஒரு லிட்டர் டேங்க் ஒரு நிமிடத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கும். இரண்டாவதில் அரை நிமிடத்தில் காலி. லிஃப்ட் பம்பைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே கணக்குதான். உயர் அழுத்த பம்பின் 110 லிட்டரோடு அது போட்டி போட வேண்டியதில்லை. என்ஜினின் உச்சத் தேவையான 45 லிட்டரைத் தாண்டி, வளைவில் இழந்ததை நிரப்பவும் கொஞ்சம் வழிந்தோடவும் மிச்சம் இருந்தால் போதும்.

வழிந்தோட வேண்டுமா என்ன? ஆம், அதற்கும் காரணம் உண்டு. வண்டி நின்றபடி ஓடும்போது என்ஜின் மணிக்கு ஒரு லிட்டர் அளவில்தான் குடிக்கும். மீதி 109 லிட்டர் சூடான பானெட்டுக்குள் சுற்றிவிட்டுத் திரும்புகிறது. ஒன்றரை லிட்டர் டேங்க் என்றால் உள்ளேயிருக்கும் முழுப் பெட்ரோலும் 50 நொடிக்கு ஒருமுறை அந்த வெப்பச் சுற்றை முடித்துவிடும். பெட்ரோலின் லேசான கூறுகள் சுமார் 35 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கும். லிஃப்ட் பம்ப் கொண்டுவரும் குளிர்ந்த உபரிதான் சூடேறியதை மேலே தள்ளி வெளியேற்றுகிறது. இதனால்தான் சர்ஜ் டேங்கை எக்ஸாஸ்ட் குழாய்க்குப் பக்கத்தில் பொருத்துவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன், அங்கே எவ்வளவு வசதியாக இடம் கிடைத்தாலும் சரி. பெரிய டேங்குக்கு அருகே, பயணிகள் அறைக்கு வெளியே, இடித்தால் நசுங்கும் ஓரத்திலிருந்து விலகி இருப்பது நல்லது. டிக்கிக்குள் வைத்தால் ஆவி உள்ளே கசியாதபடி மூடிய அறை வேண்டும். அந்த அறைக்கு வெளியே திறக்கும் காற்றோட்டமும் வேண்டும்.

பம்புகள் தள்ளுவதில் கெட்டி, இழுப்பதில் சோம்பேறி. இழுக்கும் பக்கம் அழுத்தம் தாழ்ந்தால் பெட்ரோல் அங்கேயே கொதித்து ஆவியாகும். சர்ஜ் டேங்கில் விரட்டிய குமிழி வேறு வழியாக உள்ளே வந்துவிடும். ஆகவே உயர் அழுத்த பம்ப் சிறிய டேங்கின் அடிக்குக் கீழே, குட்டையான தடித்த குழாயோடு இருக்க வேண்டும். பெட்ரோல் தானாகவே அதன் வாயை நிறைக்க வேண்டும். பம்புக்கு முன்னால் 100 மைக்ரான் அளவுள்ள கரடுமுரடான வடிகட்டி போதும். 10 மைக்ரான் நுண்வடிகட்டி பின்னால்தான் வர வேண்டும். வழிந்தோடிக் குழாய் உள்வரும் குழாயைவிட ஒடுங்கக் கூடாது. ஒடுங்கினால் சிறிய டேங்கில் அழுத்தம் ஏறும். ரெகுலேட்டர் அதன்மேல் தன் 3 பாரைச் சேர்க்க, என்ஜின் காரணம் தெரியாமல் கறுப்புப் புகை கக்கும். பழைய ரப்பர் ஹோஸ்களைத் தூக்கி எறியுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் அவற்றை உப்ப வைத்து உதிர்க்கும். 3 பார் பக்கத்தில் இன்ஜெக்‌ஷனுக்கென்றே செய்த ஹோஸும் கிளிப்பும் கட்டாயம்.

கார்புரேட்டர் காலத்துப் பல டேங்குகளில் ரிட்டர்ன் வாய் இருக்காது. அதற்காக ஒரு துளையிட்டு வெல்டிங் செய்யத் தோன்றும். காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது. காற்றில் 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை ஆவி இருந்தாலே வெடிக்கும். மாதக்கணக்கில் காய்ந்த டேங்கின் மடிப்புகளில்கூட அதற்குப் போதுமானது ஒளிந்திருக்கும். பெட்ரோல் அளவு காட்டும் கருவியின் தகடு கழற்றக்கூடியது. அதை வெளியே எடுத்து, அதில் குழாய் இணைப்பைப் பொருத்துவது நெருப்பில்லாத வழி.

மின்சாரப் பக்கம் சுருக்கமாக: இரண்டு பம்புக்கும் தனித்தனி ரிலேயும் ஃபியூஸும். என்ஜின் நின்றால் இரண்டும் நிற்க வேண்டும். மோதலில் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்றும் வேண்டும். காந்தம் பிடித்துவைத்திருக்கும் எஃகு உருண்டை அதிர்ச்சியில் கழன்று சுற்றை அறுக்கும் எளிய கருவி அது.

புதிய கார்களில் இந்த உருளையை ஏன் காணோம் என்றால், அது பெரிய டேங்குக்குள்ளேயே ஒரு சிறு வாளியாக ஒளிந்திருக்கிறது. பம்ப் அந்த வாளியில் நிற்கிறது. பம்பிலிருந்து பிரித்த அல்லது என்ஜினிலிருந்து திரும்பும் பெட்ரோல் ஒரு குறுகிய மூக்கு வழியே பாய்ந்து, சுற்றியுள்ள பெட்ரோலையும் இழுத்துக்கொண்டு வாளியை நிரப்பும். தனி லிஃப்ட் பம்பே தேவையில்லை.

பொருத்திய பிறகு ஓட்டுநர் ஒன்றுக்குப் பழகிக்கொள்ள வேண்டியிருக்கும். பெரிய டேங்க் வற்றினால் என்ஜின் உடனே விக்காது. சிறிய டேங்கில் ஒரு லிட்டர் மிச்சமிருந்தால், 100 கிலோமீட்டருக்கு 8 லிட்டர் குடிக்கும் கார் இன்னும் 12 கிலோமீட்டர் ஓடிவிட்டுச் சட்டென்று நின்றுவிடும். அதற்கு முன் கிடைக்கும் எச்சரிக்கை பின்பக்கமிருந்து வரும்: எதிர்ப்பு இல்லாமல் காற்றில் சுழலும் லிஃப்ட் பம்பின் ஓசை கூர்மையாகி, இருக்கைவரை கேட்கும்.