கற்போர் தனிப்பதிவேடு: ஒரு கல்லூரிச் சொல்லும் அதன் தமிழும்

இங்கிலாந்தின் கல்லூரி அலுவலகங்களில் நாள் முழுக்கப் புழங்கும் சொல் 'ஐ.எல்.ஆர்.'. விரித்துச் சொன்னால் 'இன்டிவிஜுவலைஸ்டு லேர்னர் ரெக்கார்டு'. இதைத் தமிழில் எழுத வருபவருக்கு முதலில் கைக்கு வருவது 'மாணவர் பதிவு' என்ற தொடர். அதை ஏற்க முடியாது என்பதே என் கருத்து. திருமணப் பதிவு, பத்திரப் பதிவு, வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு எல்லாம் ஒரே நாளில் முடிகிற காரியங்கள். 'மாணவர் பதிவு' என்றாலும் நமக்குச் சேர்க்கைதான் நினைவுக்கு வரும். ஐ.எல்.ஆர். சேர்க்கையோடு முடிவதில்லை. ஒருவர் சேர்ந்த நாள், எடுத்த பாடம், முடிக்க வேண்டிய நாள், உண்மையில் முடித்த அல்லது விலகிய நாள், பெற்ற தேர்ச்சி என்று ஒருவருடைய படிப்பைக் கடைசிவரை பின்தொடரும் கணக்கு அது. கல்லூரிக்கு அரசின் நிதி இந்தக் கணக்கைப் பார்த்தே வருகிறது.

எந்தக் கல்லூரி என்பதையும் சொல்லிவிட வேண்டும். இவை 'ஃபர்தர் எஜுகேஷன்' கல்லூரிகள். அங்கே அப்படி எனப்படுவது உயர்கல்வி அன்று. பதினாறு வயதுக்குப் பிறகு, பட்டப்படிப்புக்கு வெளியே நடக்கும் கல்வி அது. தச்சு, சமையல், முடிதிருத்தம், செவிலித் துணைப் பயிற்சி, ஆங்கில வகுப்பு எல்லாம் இதில் அடங்கும். 'மேற்படிப்பு' என்று எழுதினால் பல்கலைக்கழகம் என்று படிப்பவர் எண்ணிக்கொள்வார். 'பள்ளிக்குப் பிந்தைய கல்வி' என்பதே குழப்பம் தராது.

1992-இல் வந்த சட்டத்தின்படி இந்தக் கல்லூரிகள் உள்ளாட்சிகளின் கையிலிருந்து விடுபட்டு, 1993 ஏப்ரல் 1 முதல் தனி நிறுவனங்களாயின. அவற்றுக்கு நிதி வழங்க ஒரு மைய நிதிக்குழு அமைந்தது. உள்ளாட்சி கொடுத்ததை வாங்கிச் செலவு செய்த காலம் போய், யார் படிக்கிறார் என்பதை ஆள்வாரியாகக் காட்டிப் பணம் பெறும் காலம் வந்தது. அப்போது பதிவேட்டின் பெயரில் இருந்த சொல் 'ஸ்டூடன்ட்'. 2001-இல் நிதிப்பொறுப்பு வேறொரு மன்றத்துக்குப் போயிற்று. பணியிடத்தில் தொழில் பழகுவோரையும் அந்த மன்றம் கவனித்ததால், 'ஸ்டூடன்ட்' இருந்த இடத்தில் 'லேர்னர்' வந்து அமர்ந்தது. அதன்பின் நிதி வழங்கும் அமைப்புகள் பலமுறை மாறின. கடைசியாக இருந்த முகமையும் 2025 மார்ச்சில் மூடப்பட்டு, பொறுப்பு கல்வித்துறைக்கே திரும்பியது. ஐ.எல்.ஆர். என்ற பெயர் மட்டும் மாறவில்லை.

'ரெக்கார்டு' என்பதன் மூலம் இலத்தீன். 'மீண்டும்' என்னும் பொருள்தரும் முன்னொட்டும், 'இதயம்' என்று பொருள்படும் 'கோர்' என்ற சொல்லும் சேர்ந்து, நினைவுக்குக் கொண்டுவருவதைக் குறித்தன. பழைய பிரெஞ்சில் அது நினைவையும் சாட்சியத்தையும் குறித்தது. எழுதிவைத்த சான்று என்ற பொருள் நீதிமன்ற வழக்கில் ஊன்றி நிலைத்தது.

தமிழில் மூன்று சொற்களைப் பிரித்து ஆள வேண்டும். ஒரு தகவலைக் குறித்துவைப்பது பதிவு. அந்தக் குறிப்புகள் ஒழுங்காகத் தொடர்ந்து சேரும் இடம் பதிவேடு. பதிவு உண்மை என்று காட்டும் தாள் ஆவணம். கையெழுத்திட்ட சேர்க்கைப் படிவம், வகுப்பு வருகைப் பதிவேடு, தேர்வுச் சான்று ஆகியவை ஐ.எல்.ஆரின் பின்னே நிற்க வேண்டிய ஆவணங்கள். 'லேர்னர்' என்பதற்குக் 'கற்போர்' பொருத்தம். முதியோர் கல்வித் திட்டங்களில் ஏற்கெனவே வழங்கும் சொல் அது. ஆகவே ஐ.எல்.ஆர். 'கற்போர் தனிப்பதிவேடு'; அதில் ஒருவருக்குரிய பகுதி 'தனிப்பதிவு'. 'தனி' என்ற அடையை விட்டுவிடக் கூடாது. மொத்தம் இத்தனை பேர் என்று எழுதினால் அங்கே செல்லாது. ஒவ்வொருவராகக் காட்ட வேண்டும்.

இந்தச் சொல்லின் கனம் தேதிகளில் தெரியும். 16 முதல் 19 வயதுக்குள் உள்ளவர் ஓராண்டுப் படிப்பில் சேர்கிறார் என்று கொள்வோம். முதல் ஆறு வாரம், அதாவது 42 நாள், அவர் படிப்பில் நிலைத்தால்தான் நிதிக்குரியவராக எண்ணப்படுவார். 2025 செப்டம்பர் 8 அன்று சேர்ந்த ஒரு பெண் அக்டோபர் 3 அன்று கடைசியாக வகுப்பில் இருந்தார்; அதன்பின் வரவில்லை. விடுமுறை நீங்கலாக நான்கு வாரம் தொடர்ந்து வராதவர் விலகியவராகக் கருதப்படுவார். நடுவில் ஒரு வார விடுமுறை வந்ததால் அந்தக் கெடு நவம்பர் 7 அன்று முடிகிறது. அலுவலர் அன்றைய தேதியையே விலகிய நாளாக எழுதிவிட்டால், தாளில் அந்தப் பெண் இரண்டு மாதம் படித்தவர். எழுத வேண்டியதோ கடைசியாக வகுப்பில் இருந்த அக்டோபர் 3. அந்தக் கணக்கில் அவர் படித்தது நான்கு வாரம்கூட இல்லை. அவருக்காகக் கல்லூரிக்கு நிதி கிடையாது. தணிக்கையாளர் வருகைப் பதிவேட்டைப் புரட்டும்போது இது வெளிப்பட்டுவிடும். வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டிவரும். இந்த வயதினருக்கான ஒதுக்கீடு முந்தைய ஆண்டின் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடப்படுவதால், ஒரு பிழை அடுத்த ஆண்டையும் தொடும்.

எழுதாமல் விடுவதும் இழப்புதான். தொழில்பழகுநர் பயிற்சியில் 80 விழுக்காட்டுத் தொகை மாதத் தவணைகளாகவும், மீதி 20 விழுக்காடு நிறைவின்போதும் வரும் ஏற்பாடு 2017 மே மாதம் தொடங்கியது. பிள்ளை பயிற்சியை முடித்தும் நிறைவுப் பதிவு ஏறவில்லை என்றால் அந்த 20 விழுக்காடு வராது. உழைத்துக் கற்பித்த ஆசிரியருக்கு இதைவிட வருத்தம் வேறில்லை. கல்வியாண்டு ஆகஸ்டு 1 முதல் ஜூலை 31 வரை. அந்த ஆண்டுக்கு 14 முறை விவரம் அனுப்ப வேண்டும். பதினான்காவது, ஆண்டு முடிந்தபின் அக்டோபரில். அதோடு கதவு மூடிவிடும்.

லண்டனில் ஈழத்தமிழர் பலர் போகும் ஆங்கில வகுப்புகளும் இந்தப் பதிவேட்டில்தான் ஏறுகின்றன. படிவத்தில் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என இரு கட்டங்கள் உண்டு. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரே உண்டு. கந்தையாவின் மகள் செல்வராணி ஓராண்டு 'செல்வராணி கந்தையா' என்றும், மறுமுறை 'கந்தையா செல்வராணி' என்றும் எழுதப்பட்டால், அவருக்கு இரண்டு கற்போர் எண்கள் உருவாகிவிடக்கூடும். பத்து இலக்கம் கொண்ட அந்த எண் வாழ்நாள் முழுவதும் ஒருவருக்கு ஒன்றே இருக்க வேண்டும். முன்பு பெற்ற தேர்ச்சிகள் அதன் கீழ்தான் சேர்கின்றன. ஆகவே வகுப்பில் சேரும் நம் மக்கள் பயண ஆவணத்தில் உள்ளபடியே, ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில் பெயரை எழுதித் தர வேண்டும். முன்பு எங்காவது படித்திருந்தால் அதையும் சேரும்போதே சொல்ல வேண்டும்.

கொடுத்த நிதியை அரசு திரும்ப வாங்கிக்கொள்வதை இதே துறையில் 'கிளாபேக்' என்பார்கள். அந்தச் சொல்லுக்கு, அரசின் பக்கம் நின்று எழுதும்போது 'நிதி மீட்பு' என்றும், கல்லூரியின் பக்கம் நின்று எழுதும்போது 'திருப்பிச் செலுத்தல்' என்றும் ஆளலாம்.