போர்டையே மாற்றச் சொல்கிறார்களா?

"போர்டு போச்சாம். போர்டையே மாத்தணுமாம். அதுக்குப் புது மெஷினே வாங்கிடலாம்னு சொல்றாங்க." என்னிடம் வாஷிங் மெஷின் கொண்டுவருபவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள்.

போர்டு என்றால் மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் பலகை. அப்படி வந்த ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். சுவிட்சைப் போட்டால் ஒரு விளக்குகூட எரியவில்லை. கழற்றிப் பார்த்தால் போர்டு முழுவதும் பிசின் ஊற்றி மூடியிருந்தது. ஈரம் உள்ளே போகாமல் இருக்கத்தான் அப்படிச் செய்கிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எங்கள் கையைக் கட்டிப்போடுவதும் அதே பிசின்தான். லேசாகச் சூடுகாட்டி, மரக்குச்சியால் ஒரு மணி நேரம் சுரண்டினேன். போர்டுக்கு மின்சாரம் தரும் பகுதியில் இருந்த சிப், அதாவது பவர் சப்ளை ஐசி, வெடித்திருந்தது. பக்கத்து ரெசிஸ்டரும் ஓப்பன், அதன் வழியே மின்சாரம் போகவில்லை. ஐசியின் மேல் இருந்த எண்ணும் சிதறிப் போயிருந்தது. எண் தெரியாமல் எதை வாங்கிப் போடுவது? நல்லவேளையாக, யாரோ வேண்டாமென்று விட்டுப்போன அதே மாடல் போர்டு ஒன்று என்னிடம் கிடந்தது. அதில் எண்ணைப் படித்து, இரண்டு பொருளையும் மாற்றினேன். 12 வோல்ட் வந்தது, 5 வோல்ட் வந்தது, மெஷின் ஓடியது. மாற்றிய இரண்டும் சேர்ந்து ஒரு விரல் நகத்தளவுகூட இல்லை.

போர்டில் எந்தப் பொருள் எதோடு இணைகிறது என்று காட்டும் சர்க்யூட் டயகிராமைக் கம்பெனி கொடுத்திருந்தால் இது சின்ன வேலை. பழைய ரேடியோ, டிவி பலவற்றில் பின்மூடியின் உள்பக்கம் டயகிராமை ஒட்டியே அனுப்பினார்கள். எந்த இடத்தில் எத்தனை வோல்ட் வரவேண்டும் என்பதுகூட அதில் இருக்கும். நான் தொழில் பழகியதே அவற்றைப் பார்த்துத்தான். இன்று கேட்டால் வெளியாட்களுக்குத் தர முடியாது என்கிறார்கள். அவர்களுடைய சொந்த சர்வீஸ் ஆட்களுக்கே பல நேரம் முழு போர்டை மாற்றத்தான் சொல்லித் தருகிறார்கள், உள்ளே எது கெட்டது என்று பார்க்கச் சொல்வதில்லை.

பாதுகாப்புக்காகத்தான் தருவதில்லை என்று ஒரு காரணம் சொல்வார்கள். மைக்ரோவேவ் அடுப்பைப் பொறுத்தவரை அந்தப் பயம் உண்மை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெபாசிட்டர் உயிருக்கு ஆபத்தான அளவு சார்ஜைப் பிடித்து வைத்திருக்கக்கூடும். ஆனால் ஆபத்து இருக்கும் இடத்தில்தானே வழிமுறை எழுதித் தரவேண்டும்? அமெரிக்காவில் நுகர்வோர் நலனைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2021 மே மாதம் வெளியிட்ட அறிக்கையில், ரிப்பேருக்குத் தடைபோட கம்பெனிகள் சொல்லும் காரணங்களுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்றே சொன்னது.

சட்டம் வந்தாலும் சந்து பொந்து இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச்சிலிருந்து வாஷிங் மெஷின் ஸ்பேர்களை 10 வருடம் கொடுத்தாக வேண்டும். ஆனால் டிரம்மைச் சுழலவிடும் பேரிங்கைத் தனியாகத்தான் தரவேண்டும் என்றில்லை, டிரம்மோடு சேர்த்தும் விற்கலாம். கையடக்கப் பேரிங் தேய்ந்ததற்கு முழு டிரம்மையே வாங்கவேண்டி வந்தால் யார் ரிப்பேர் செய்வார்கள்? சில மாடல்களில் வெளித்தொட்டியை ஸ்க்ரூ இல்லாமல் ஒட்டியே மூடிவிடுகிறார்கள். ரம்பத்தால் அறுத்தால்தான் பேரிங்கைப் பார்க்கவே முடியும்.

டிவியிலும் இதே கதைதான். சத்தம் வருகிறது, படம் இல்லை என்றதும் "பேனல் போச்சு", அதாவது திரையே போச்சு என்று சொல்லிவிடுகிறார்கள். அறையை இருட்டாக்கி, திரைக்குப் பக்கத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் ஓடுவது தெரிந்தால் பேனல் நன்றாகவே இருக்கிறது, அதற்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பேக்லைட்தான் போயிருக்கிறது. வரிசையாக இணைத்த எல்இடிகளில் ஒன்று போனாலே அந்த வரிசை அணைந்துவிடும், பல டிவிகளில் மொத்த பேக்லைட்டும் நின்றுவிடும். அந்த எல்இடி பட்டையை மாற்ற முடியும். அப்புறம், பேக்லைட்டை எப்போதும் முழு வெளிச்சத்தில் வைக்காதீர்கள். கொஞ்சம் குறைத்து வைத்தாலே கூடுதல் காலம் வரும்.

புதிதாக வாங்கப் போகிறீர்கள் என்றால் ஸ்பேர் எத்தனை வருடம் கிடைக்கும், வாஷிங் மெஷினானால் தொட்டி ஸ்க்ரூ போட்டதா ஒட்டியதா என்று கேளுங்கள். பதில் தெரியாமல் விற்பவர் விழித்தாலும் பரவாயில்லை. பத்துப் பேர் கேட்டால் அந்தக் கேள்வி மேலே போகும். போர்டை மாற்றித்தான் ஆகவேண்டும் என்ற நிலை வந்தால், காசு கட்டும் முன்பே பழைய போர்டு எனக்கு வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அதை வீட்டில் போட்டு வைக்காமல் ரிப்பேர் செய்பவர் யாரிடமாவது கொடுங்கள். நான் எண்ணைப் படித்தது அப்படி வந்த ஒரு போர்டில்தான்.